கடைப் பக்கம், ரோட்டுப் பக்கம்

என் தங்கையைக் கட்டிக்கொண்டவனுக்கு இந்தத் தெருவில் கரண்ட்டு என்றுதான் பெயர். வண்டிகளுக்கு ஒயரிங் பார்ப்பவன். பின்னால் இழுத்துப் போகிற ட்ரெய்லருக்கு விளக்கு வைப்பதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது. பக்கத்துக் கடை என்னுடையது, பஞ்சர் ஒட்டுகிறேன். இருபத்திரண்டு வருஷம் ஒரே சுவரின் இரண்டு பக்கமும் உட்கார்ந்துகொண்டு ஒருவரையொருவர் கிண்டல் பண்ணியே காலம் தள்ளினோம். என் தங்கை செத்த பிறகு அதுவும் நின்றுபோனது.

ட்ரெய்லர் விளக்கைத் தனி ஆளாகச் சோதிப்பது பெரிய அவஸ்தை. ஒருவர் வண்டியில் உட்கார்ந்து சிக்னல் போட வேண்டும், இன்னொருவர் பின்னால் நின்று எது எரிகிறது என்று சொல்ல வேண்டும். பின்னால் நிற்பது என் தங்கைதான். அவளுக்கு இடது வலது எந்தக் காலத்திலும் பிடிபட்டதில்லை. எழுதுகிற கையை ஒருதரம் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் சொல்வாள். அதற்குள் விளக்கு பத்துத் தடவை மின்னி முடித்திருக்கும். அதனால், "கடைப் பக்கம் எரியுது", "ரோட்டுப் பக்கம் எரியுது" என்று கத்த ஆரம்பித்தாள். எல்லா வண்டியும் கடை வாசலில் ஒரே திசையைப் பார்த்து நிற்பதால் கடைப் பக்கம் என்றால் இடது. போகப்போக அவனுக்கும் அது ஒட்டிக்கொண்டது. மஞ்சள் ஒயர் கடை, பச்சை ஒயர் ரோடு.

அவள் போய் நாலு மாதம். அவன் அழவில்லை. வேலைக்கு வந்தான், கேட்டதற்குப் பதில் சொன்னான், தட்டில் வைத்ததைத் தின்றான். இப்படியும் ஒருத்தன் இருப்பானா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது. நான் மட்டும் என்ன வாழ்ந்தது? டியூபைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்துக்கொண்டு, குமிழி வருகிறதா என்றுகூடப் பார்க்காமல் உட்கார்ந்திருப்பேன்.

அன்று காலை அவன் மகள் ஜீப்பும் ட்ரெய்லருமாக வந்து நின்றாள். புருஷனுக்கு வேறு ஊரில் வேலை. அவன் முன்னாலேயே போய்விட்டான். கட்டில், பீரோ, அம்மாவின் தையல் மிஷின் என்று எல்லாவற்றையும் ஏற்றியிருந்தாள். அவ்வளவு பாரத்தோடு ரோட்டில் திருப்ப முடியாது என்று, போகவேண்டிய திசையைப் பார்த்தே வண்டியை நிறுத்தியிருந்தாள். வழக்கமாக வண்டிகள் நிற்பதற்கு நேர் எதிர்த்திசை.

"ட்ரெய்லர்ல ஒரு லைட்டும் எரியலப்பா. மத்தியானத்துக்குள்ள கிளம்பணும்."

"கிளம்பலாம்" என்றான்.

பழைய ஒயரை எலி கடித்துக் குதறியிருந்தது. எல்லாவற்றையும் உருவிப் போட்டுவிட்டுப் புதிதாக இழுத்தான். எர்த் ஒயருக்காகச் சட்டத்தின் பெயிண்ட்டைச் சுரண்டி, பளபளவென்று இரும்பு தெரிந்த பிறகே முடுக்கினான். எர்த் சரியில்லையென்றால் ஒரு பக்கம் போட்டால் இரண்டு பக்கமும் மங்கலாக மினுக்கும். கை தன்பாட்டுக்கு வேலை செய்தது. ஆள் அங்கே இல்லை.

மகள் கடைக்குள் போனில் பேசிக்கொண்டிருந்தாள். "மச்சான், கொஞ்சம் பின்னாடி நிக்கிறீங்களா?" என்றான் என்னிடம்.

நின்றேன். விளக்கு மின்னியது. "கடைப் பக்கம் எரியுது மாப்ளே!" என்று கத்தினேன். என் வாயில் அவள் வார்த்தை.

"சரி" என்றான். பிறகு, "இப்ப?"

"ரோட்டுப் பக்கம்!"

"சரி."

கிளம்பும்போது மகள் அவன் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். "பாத்துப் போம்மா" என்றான், வாடிக்கையாளரிடம் சொல்வதுபோல. அடப்பாவி, இதற்கு மேல் ஒரு வார்த்தை கிடைக்கவில்லையா என்று நினைத்தேன்.

அவள் சிக்னல் போட்டு ரோட்டில் ஏறினாள். அவன் பார்த்துக்கொண்டே நின்றான். சட்டென்று என் தோளைப் பிடித்தான்.

"மச்சான், வண்டி ரோட்டுப் பக்கம் ஏறுது. கடைப் பக்கம்ல மின்னுது!"

அப்போதுதான் எனக்கும் உறைத்தது. ஜீப்பின் இடது சிக்னலுக்குக் கடை என்று பெயர் வைத்துப் பழகியவன், அந்த ஒயரைக் கடையை ஒட்டி இருந்த விளக்கிலேயே மாட்டிவிட்டான். வண்டி மாறி நின்றதால் அது வலது விளக்கு. அவன் தப்பாக மாட்டியதைச் சரியென்று கத்தியவன் நான். அடுத்த முக்கில் அவள் வலதுபக்கம் திரும்ப வேண்டும். ட்ரெய்லர் இடது என்று காட்டும். பின்னால் ஒரு டிப்பர் லாரி போய்க்கொண்டிருந்தது. லாரிக்காரன் அதை நம்பி வலதுபக்கமாக ஏறி வருவான்.

கரண்ட்டு ஓடினான். ஒரு செருப்பு கழன்று விழுந்தது. "பாப்பா! திரும்பாத! நில்லு!" என்று தெருவே திரும்பிப் பார்க்கக் கத்தினான்.

கண்ணாடியில் பார்த்திருக்கிறாள். முக்குக்குப் பத்தடி முன்னால் ஓரம்கட்டினாள். லாரி ஹாரன் அடித்துக்கொண்டு வலதுபக்கமாகப் போனது.

நான் மூச்சு வாங்கப் போய்ச் சேர்வதற்குள் அவன் தரையில் உட்கார்ந்து இரண்டு ஒயரையும் அறுத்து மாற்றிக்கொண்டிருந்தான். "நானே உன்னைக் கொன்னிருப்பேன்" என்றான், மகள் முகத்தைப் பார்க்காமல். டேப் சுற்றிவிட்டு ஜீப்பில் ஏறினான். மகள் பின்னால் போய் நின்றாள்.

"இடது எரியுதுப்பா!"

சிக்னல் டிக் டிக்கென்று அடித்துக்கொண்டிருந்தது.

"அப்பா, இடது!"

"கடைப் பக்கம்னு சொல்லும்மா."

அவள் இரண்டு பக்கமும் பார்த்தாள். ஒரு பக்கம் காலி மனை, ஒரு பக்கம் மதில்.

"இங்க கடை எங்கப்பா இருக்கு?"

"ஆமாம்மா, இல்ல" என்றான்.

நான் முகத்தைத் திருப்பிக்கொண்டு அழுதேன். அவன் சிக்னலை மாற்றிப் போட்டான்.

"வலது பாரு."