ஹோலும் ஹோலும்

சீகிரியாவில் ஒரு ஹோட்டலின் வரவேற்பு மேசையில் நான் வேலைக்குச் சேர்ந்து சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. கொழும்பிலிருந்து ஒரு கல்யாணக் கூட்டம் வந்து ஹோட்டல் முழுவதையும் எடுத்திருந்தது. தமிழ் ஆட்கள்தான். மாப்பிள்ளையின் சித்தி அறையிலிருந்து போன் எடுத்து, சாப்பாடு எங்கே என்று ஆங்கிலத்தில் கேட்டார். பெரிய மண்டபத்தில் என்று நானும் ஆங்கிலத்திலேயே சொன்னேன். மறுபக்கம் ஒரே சிரிப்பு. போனை வைக்காமலே பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சொன்னார்:

"கேட்டீங்களா? நமக்குச் சாப்பாடு பெரிய ஓட்டைக்குள்ளயாம்!"

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு ஆங்கிலத்தில் மண்டபமும் ஹோல், ஓட்டையும் ஹோல். மாத்தளையில் நான் படித்த பள்ளிக்கூடத்தில் ஆங்கிலச் சொற்களுக்குப் பக்கத்தில் தமிழில் உச்சரிப்பு எழுதித்தான் மனப்பாடம் செய்தோம். பந்தும் போல், கம்பமும் போல். இவை வேறு வேறு ஓசைகள் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அன்று மாலை மண்டப வாசலில் நின்று நான் கும்பிட்டபோது, அந்தச் சித்தி "ஓட்டை இதுதானா?" என்று கேட்டுவிட்டு உள்ளே போனார். பின்னால் வந்தவர்களும் சிரித்தார்கள். கும்பிட்ட கையை என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன்.

மறுநாள் மேனேஜர் கூப்பிட்டார். இனிமேல் போன் எடுக்க வேண்டாம், சாவி கொடுத்தால் போதும் என்று சிங்களத்தில் சொன்னார். "நீ நொட் பொட் ஆள்தானே" என்றும் சிரித்துக்கொண்டே சேர்த்துக்கொண்டார். நொட், பொட் போன்ற ஆங்கிலச் சொற்களில் வரும் 'ஒ' வாயில் சரியாக வராதவர்களுக்கு இந்த நாட்டில் வைத்திருக்கும் பட்டப்பெயர் அது. அந்த ஓர் ஓசையைக் கேட்டே, நீ எந்த ஊர், எந்தப் பள்ளிக்கூடம், உன்னை எங்கே நிறுத்த வேண்டும் என்று முடிவு செய்துவிடுவார்கள்.

என்னோடு மேசையில் வேலை செய்த முஸ்லிம் தோழியும் மாத்தளைதான். அவள் வீட்டில் ஆங்கிலம் புழங்கும். காலையில் ஒரே பஸ்ஸில் போவோம். அவள் போனில் அந்த இரண்டு சொற்களையும் மாற்றி மாற்றி ஓடவிட்டு என் காதில் வைத்தாள்.

"கண்ண மூடிக்கிட்டுக் கேளு. இப்ப வந்தது எது?"

"ரெண்டும் ஒண்ணுதான்."

"இல்ல புள்ள, வடிவாக் கேளு."

"ஒண்ணுதாங்கிறேன்! சும்மா ஏன் என்னய வதைக்கிற?"

அவள் கோபிக்கவில்லை. நான்தான் தினமும் கோபித்தேன். பஸ் என்றும் பாராமல் வாயைத் திறந்தும் குவித்தும் பார்ப்பேன். முன் சீட்டில் இருப்பவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள். எத்தனையோ நாட்களுக்குப் பிறகு, வழியில் நாவுலவில் காய்கறி மூட்டைகள் ஏற்றுவதற்காக பஸ் நின்றிருந்தபோது, திடீரென்று கேட்டது. மண்டபத்துக்கு வாய் கடைசிவரை திறந்தே இருக்கிறது. ஓட்டைக்கு முடியும்போது உதடு குவிகிறது. அவ்வளவுதான்.

"கேட்டுச்சா?" என்றாள்.

கேட்டது. சந்தோஷம் வரவில்லை. இந்தத் துளி உதட்டசைவுக்காகவா என்னை வாசலில் வைத்துச் சிரித்தார்கள் என்று நினைத்து அழுதுவிட்டேன். துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில்.

அந்தச் சொற்கள் வாயிலும் சரியாக வந்தபின், போன் திரும்பவும் என் கைக்கு வந்தது. மேனேஜர் பாராட்டினார். அந்தப் பாராட்டும் கசந்தது. தன்னால்தான் நான் திருந்தினேன் என்று எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார்.

போன வருடம் ரெஸ்டோரண்ட் வேலைக்கு லக்கலையிலிருந்து ஒரு சிங்களப் பெண் வந்தாள். பஸ் கிடைக்காத ஊரிலிருந்து விடியும் முன்னே புறப்பட்டு வந்தவள். அவளை நேர்முகம் பார்க்கும்போது மேனேஜர் என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். விருந்தாளியிடம் கேட்பதுபோல், கோப்பி வேண்டுமா என்று அவளை ஆங்கிலத்தில் கேட்கச் சொன்னார். அந்த ஆங்கிலச் சொல்லின் நடுவில் இருக்கும் 'ஃப' அவளுக்கு வரவில்லை. எழுதுகிற கொப்பி வேண்டுமா என்பதுபோல் கேட்டாள். மேனேஜர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். நானும் சிரிப்பேன் என்று எதிர்பார்த்தார்.

"எப்படி?"

"எனக்குச் சரியாத்தான் கேட்டுச்சு, சேர்" என்றேன் சிங்களத்தில்.

"உன் காது இன்னும் சரியாகல."

"என் காது நல்லாத்தான் இருக்கு. வந்த பிள்ளைய வச்சிச் சிரிக்கத்தான் எனக்குத் தெரியல."

அவர் முகம் கறுத்தது. அந்தப் பெண்ணுக்கு ரெஸ்டோரண்டில் வேலை கொடுக்கவில்லை. லாண்டரியில் போட்டார். துணிகளோடு ஆங்கிலம் பேசத் தேவையில்லை என்று அவளிடமே சொன்னாராம். மத்தியானம் சாப்பிடும்போது அதை அவள் எனக்குச் சிரித்துக்கொண்டே சொன்னாள்.

இப்போதும் அதே ஹோட்டலில்தான் இருக்கிறேன். அந்த மனிதரோடு வேலைக்கு வேண்டியதைத் தவிர ஒரு வார்த்தை பேசுவதில்லை.