பம்புக்கு வைத்த பொட்டு

நைனா, தந்திக்காரர் வரப்பு மேல் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தபோது நான் களை எடுத்துக்கொண்டிருந்தேன். தந்தி என்றால் நல்ல சேதி இல்லை என்று எனக்கும் தெரியும். ஆனாலும் வாய்க்காலில் கையைக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டுத்தான் வாங்கினேன். காகிதம் நனைந்தால் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்பதுபோல. அதில் இருந்தது இங்கிலீஷ். பள்ளிக்கூடத்து வாத்தியாரிடம் ஓடினேன். அவர் படித்தார், மடித்தார், மறுபடி பிரித்துப் படித்தார். "கன்னியப்பனுக்கு ஜுரம் முத்திப்போச்சாம், அஞ்சல. கெளம்பு" என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். காஞ்சிபுரத்தில் மாறிய பஸ்ஸில் உட்கார இடம் இருந்தது. என்னால் உட்கார முடியவில்லை. மெட்ராஸ் வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன். ஆஸ்பத்திரிக் கட்டிலில் வேறு யாரோ படுத்திருந்தார்கள்.

கம்பெனியில் அவனோடு வேலை செய்தவர்களே, நான் கன்னியப்பனின் அக்கா. பதினாறாம் நாள் முடிந்த மறுநாள் ஏழுமலைத் தம்பி எங்கள் வீட்டுக்கு வந்து, "சங்கத்து மலர்ல போட நீங்கதாங்க்கா எழுதணும்" என்று கோடு போட்ட தாள் கொடுத்துவிட்டுப் போனார். நான் மூன்றாவது வரைக்கும் படித்தவள். ஒரு வரி எழுதினால் எழுந்து வாசலுக்குப் போய்விட்டு வருகிறேன். எங்கேயாவது மோட்டார் சத்தம் கேட்டால் அடுத்த வரி ஓடுவதில்லை. எங்கள் பக்கத்தில் இப்போது மோட்டார் சத்தம் இல்லாத நேரம் ஏது? ஆனால் ஒரு விஷயத்தை உங்களிடம் சொல்லியாக வேண்டும். அவனிடம் சொல்லாமல் விட்டது. அதற்காகத்தான் எழுதுகிறேன்.

அவனை நாங்கள் பேர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அப்பா செத்து மூன்றாம் மாசம் பிறந்தவன். அப்பா பேரையே வைத்தார்கள். புருஷன் பேரைச் சொல்லிப் பிள்ளையை எப்படி அதட்டுவது? அம்மா நைனா என்றாள். நானும் நைனா என்றேன். கம்பெனியில் நீங்கள் அவனை சோடா கன்னியப்பன் என்று கூப்பிட்டதும் எனக்குத் தெரியும். அது ஏன் வந்தது என்று புதிதாகச் சேர்ந்தவர்களுக்குத் தெரியாமல் இருக்கலாம்.

உத்திரமேரூரிலிருந்து திருப்புலிவனம் போகிற வழியில் பெரிய வீட்டுக்காரர் நிலம். அங்கேதான் எனக்குக் கூலி வேலை. கரண்ட் வந்ததும் அவர் முதல் ஆளாகக் கிணற்றுக்குள் மேடைபோலத் திட்டு கட்டி, உங்கள் கம்பெனி பம்பை வாங்கி வைத்தார். தினமும் மோட்டார் போடுவதற்கு முன்னால் பம்புக்குள் தண்ணீர் ஊற்றி நிரப்ப வேண்டும். அது என் வேலை. படியில் இறங்கி, ஒரு கையில் குடத்தைச் சாய்த்துப் புனலில் ஊற்றிக்கொண்டே, இன்னொரு கையால் பம்பு மேலே இருக்கிற சின்னப் பித்தளைக் குழாயைத் திறந்து உள்ளே இருக்கிற காற்றை விட வேண்டும். தண்ணீர் பீச்சியதும் மூட வேண்டும். மறந்தால் மோட்டார் வெறுமனே சுற்றும், தண்ணீர் வராது, திட்டுதான் வரும். ஒரு நாள் அந்தப் பித்தளையையும் எவனோ கழற்றிக்கொண்டு போய்விட்டான். துணி சுற்றிய குச்சியை வைத்து அடைத்தோம்.

லீவில் வந்தவனிடம் எரிந்து விழுந்தேன். "கம்பெனிக்காரன் பெரிய மூளைக்காரனாச்சே. குடம் புடிக்க ரெண்டு கை வேணும். கொழாய் புடிக்க ஒரு கை வேணும். எனக்கு மூணாவது கை இன்னா முதுவுல கீதா? உங்க மொதலாளியாண்ட சொல்லி ஒண்ணு வாங்கியா."

அவன் சிரித்தான். ஆனால் அன்றைக்கு முழுக்க ஒரு இடத்தில் நிற்கவில்லை. சாயங்காலம் பஸ் ஏற்றிவிடப் போனேன். கோலி சோடா வாங்கிக் குடித்தான். குடித்த பாட்டிலைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நின்றான். பஸ் போய்விட்டது.

"அக்கா, இத்தப் பாரு. உள்ள கீற காத்து கோலிய மேல தள்ளிக்கினு வாயை அடைச்சிக்கினு கீது. எவனும் புடிக்கலயே. பம்புல ஒரு ஓட்டை வுட்டு, உள்ள மெதக்கற மாதிரி ஒரு பந்து போட்டா? காத்து வெளிய போவும். தண்ணி மேல வந்தா பந்தத் தூக்கி அடைச்சிடும். ஒனக்கு மூணாவது கை கெடச்சிட்டுது."

"மொதல்ல அடுத்த பஸ்ஸயாவது புடி நைனா" என்றேன் நான்.

கம்பெனி வாசலில் யோசனைப் பெட்டி மாட்டியிருப்பதை அவன் சொல்லித்தான் தெரியும். யாருக்கு என்ன தோன்றினாலும் சீட்டில் எழுதிப் போடலாம், பாதிப் பேர் பீடித் துண்டு போடுவார்கள் என்பான். முதல் சீட்டு, ஏற்கெனவே குழாய் இருக்கிறதே என்று திரும்பி வந்தது. இரண்டாவதற்குப் பதிலே இல்லை. மூன்றாவதில் ஒரு சோடா பாட்டில் படம் போட்டான். பெரிய இன்ஜினியரே பட்டறைக்குள் வந்து, "யாருய்யா அந்த சோடா பாட்டில் ஆளு?" என்று கேட்டாராம். பேர் அன்றைக்கு ஒட்டிக்கொண்டது.

நான் நினைத்தேன், யோசனை பிடித்துவிட்டால் மறு மாசம் பம்பு வந்துவிடும் என்று. அவன் சொன்னான்: "அப்டி இல்லக்கா. சீட்டப் படிக்கறவன் ஒருத்தன், படம் போடறவன் ஒருத்தன், மரத்துல அச்சு செதுக்கறவன் ஒருத்தன், உருக்கி ஊத்தறவன் ஒருத்தன், விக்கறவன் ஒருத்தன். அத்தினி பேரும் சரின்னு சொல்லணும். ஒருத்தன் தலைய ஆட்டுலன்னாலும் சீட்டு பொட்டிக்கே போயிடும்." அச்சு செதுக்கியது ஏழுமலைத் தம்பிதான். மரப் பந்து தண்ணீரில் ஊறி உப்பி மாட்டிக்கொண்டது. தக்கைப் பந்து தேய்ந்துபோனது. ரப்பர் பந்துதான் நின்றது. அதற்குள் இரண்டு பொங்கல் போய்விட்டது. வருகிறபோதெல்லாம் சாப்பிட உட்காருவான், பாதியில் எழுந்துபோய்ச் சுவரில் கரியால் பம்பு வரைவான். வெள்ளையடித்தால் மறுபடி வரைவான். கிணற்றில் பம்பை ஓட்டிக் காட்டிவிட்டால் அவனைப் படம் போடுகிற பிரிவுக்கு மாற்றுவதாக இன்ஜினியர் வாய்விட்டுச் சொல்லியிருந்தார். எங்கள் தெருவிலிருந்து ஒருத்தன் பேனா பிடிக்கிற வேலைக்குப் போவது. அவனுக்கு அதுதான் எல்லாம். எனக்கும்.

பரிசோதனைக்கு நிஜக் கிணறு வேண்டும் என்றார்கள். அவன் எங்கள் ஊர்க் கிணற்றைச் சொன்னான். பெரிய வீட்டுக்காரரும் சம்மதித்தார். முதல் நாளே புது பம்பைப் பூட்டிவிட்டு எல்லோரிடமும் சொன்னான், "பூஜையெல்லாம் முன்னாடி பக்கமே வெச்சிக்கோங்க. வேற எங்கயும் கை வெக்காதீங்க."

மறுநாள் காலையில் பெரிய வீட்டம்மா இறங்கிவந்து பம்புக்கு மாலை போட்டு, சந்தனம் குங்குமம் வைத்துவிட்டுப் போனார்கள். பிறகு குடங்களை நிரப்பி வைக்க நான் இறங்கினேன். திட்டில் நான் மட்டும்தான். அந்த பம்பைத் தண்ணீர் ஊற்ற நான் தொடலாம். பொட்டு வைக்கத் தொடக் கூடாது. அப்படி யாரும் சொன்னதில்லை. சொல்லாமலே எங்களுக்குத் தெரியும். ஆனால் என் தம்பி யோசனை அது. என் முந்தானையில் அம்மன் கோயில் மஞ்சள் முடிச்சு இருந்தது. அந்தம்மா வைத்த பொட்டுக்குப் பக்கத்தில் என் பொட்டு இருக்க முடியாது. பின்பக்கம் பார்த்தேன். புனலுக்கு அடியில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு பள்ளம். பொட்டு வைக்கவே செய்ததுபோல இருந்தது. மஞ்சளைக் குழைத்து நன்றாக அழுத்தி வைத்தேன். அது மேல் குங்குமம். ஓடணும் தாயே என்று கும்பிட்டேன்.

அதுதான் காற்று போகிற ஓட்டை. பழைய பித்தளைக் குழாய்போல ஓட்டையும் உச்சியில் இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன் நான்.

இன்ஜினியர், கூட இரண்டு பேர், எல்லோரும் கிணற்றைச் சுற்றி நின்றார்கள். தினமும் ஊற்றுகிற ஆளே ஊற்றட்டும் என்று இன்ஜினியர் சொன்னதால் நான்தான் ஊற்றினேன். இரண்டு கையாலும் குடம் பிடித்து. புனல் வழிந்தது. "போடுங்க" என்றான் நைனா. மோட்டார் சுற்றியது. தண்ணீர் வரவில்லை. நிறுத்தி மறுபடி ஊற்றினேன். வரவில்லை. மூன்றாவது தடவையும் இல்லை. பெரிய வீட்டுக்காரர் மேலே இருந்து, "சோடா பாட்டில வெச்சி ஏரி பாய்ச்ச வந்துட்டானுங்கப்பா" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். இன்ஜினியர் நோட்டைத் திறந்து எழுதிக்கொண்டார்.

நைனா பேன்டோடு ஈரத் திட்டில் மண்டிபோட்டு பம்பைச் சுற்றித் தடவினான். பின்பக்கம் கை போனது. நின்றது. விரலை எடுத்துப் பார்த்தான். மஞ்சள்.

"எங்க வூட்ல முன்னாடிதான் வெச்சாங்க" என்று பெரிய வீட்டுக்காரர் சத்தம் போட்டார். "பின்னாடி எவடி வெச்சவ? எவளுக்கு அவ்ளோ தைரியம்?" மேலே நின்ற கூலிப் பெண்கள் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்தார்கள். சொன்னால் வேலை போகும், எங்களுக்கு அந்த நிலத்தை விட்டால் வேறு இல்லை. வாயைத் திறந்தேன். காற்றுதான் வந்தது.

நைனா எழுந்தான். பெரிய வீட்டுக்காரரைப் பார்த்தான். இன்ஜினியரைப் பார்த்தான். பெண்களைப் பார்த்தான். "நான்தாங்கய்யா வெச்சன்" என்றான்.

"நீயா? ஓட்டை எங்க கீதுன்னு தெரிஞ்ச ஆளு நீயா வெச்ச?"

"சாமி கும்புட்டுக்கினே வெச்சிட்டங்க. மறந்துட்டன்."

குச்சியால் மஞ்சளைக் குத்தி எடுத்துவிட்டு ஊற்றியதும் பந்து டக்கென்று ஒரு சத்தம் போட்டது. மோட்டார் போட்டார்கள். தண்ணீர் மேலே தொட்டியை உடைத்துவிடும்போல விழுந்தது. ஆனால் இன்ஜினியர் எழுதினதை அடிக்கவில்லை. "மூணு தடவை ஓடலப்பா. அதான் ரிப்போர்ட்டு" என்றார். பிறகு கேட்டார், "ஏன் கன்னியப்பா, இதை வாங்குறவங்கள்ல எத்தனை பேர் பொட்டு வைப்பாங்க?"

"வாங்கற அத்தினி பேரும் வெப்பாங்க சார். எங்க வெப்பாங்கன்னுதான் சொல்ல முடியாது."

அதையும் எழுதிக்கொண்டார்.

கம்பெனிக் கமிட்டியில் அந்த ரிப்போர்ட்டில் பொட்டு என்று படித்ததும் சிரித்தார்களாம். விற்பனைப் பிரிவுக்காரர் மட்டும் சிரிக்கவில்லையாம். பொட்டு வைத்தால் நிற்கிற பம்பை எந்த ஊரிலும் விற்க முடியாது, ஓட்டையை மாற்று என்றாராம். சீட்டு மறுபடி முதலிலிருந்து நடந்தது. ஓட்டைக்கு மேல் குடைபோல ஒரு தொப்பி வந்தது. காற்று தொப்பிக்கு அடியில், கீழ்ப்பக்கமாகப் போகும். இப்போது எங்கே மஞ்சள் பூசினாலும் ஓடும். இன்றைக்கு நீங்கள் வண்டி வண்டியாக ஏற்றி அனுப்புகிறீர்களே, அந்த பம்பு அதுதான். அதில் அவன் பேர் இல்லை. கேட்டதற்கு, "பந்து மட்டும்தான்க்கா என்னுது. தொப்பி கமிட்டியுது. அச்சு ஏய்மலையுது. யாரு பேர எங்க எழுதறது?" என்றான்.

படம் போடுகிற பிரிவுக்கு அவனை மாற்றவில்லை. தன் பரிசோதனையைத் தானே கெடுத்துக்கொண்ட ஆளை நம்பி வரைபடம் கொடுக்க முடியாது என்று மேலே சொல்லிவிட்டார்கள். நீங்கள் கூட அவனைக் கேலி செய்திருப்பீர்கள், பக்தி முத்தி ஓட்டையை அடைச்சவன் என்று. அவன் அடைக்கவில்லை. அடைத்தது நான். இதைச் சொல்லத்தான் இத்தனையும் எழுதினேன். சங்கத்தில் யாராவது அவன் பேரில் ஒரு கறை வைத்திருந்தால் துடைத்துவிடுங்கள். பெரிய வீட்டுக்காரர் காதுக்கு இது போனாலும் போகட்டும்.

அவனிடம் சொல்லப் பார்க்காமல் இல்லை. புது பம்பு வந்தபோது கம்பெனியில் எவர்சில்வர் கூஜா கொடுத்தார்கள். அதைக் கொண்டுவந்து என் கையில் வைத்தான். "நைனா, அந்தப் பொட்டு..." என்று ஆரம்பித்தேன். "வுடுக்கா. பொட்டு இல்லன்னா தொப்பி ஏது?" என்று சொல்லிவிட்டுச் சுவரில் வேறு ஏதோ வரையப் போய்விட்டான். பொங்கலுக்கு வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று விட்டேன்.

கூஜாவை அம்மா எடுத்து வைத்துக்கொண்டாள். என்னிடம் இருப்பது அந்த உப்பிப்போன மரப் பந்து. முதல் தடவை தோற்ற பந்து. முந்தானையில் மஞ்சள் முடிச்சோடு சேர்த்து முடிந்திருக்கிறேன். கிணற்றுப் படி இறங்கும்போது இடுப்பில் இடிக்கிறது. இப்போது இரண்டு கையாலும் குடம் பிடித்து ஊற்றுகிறேன். ஊற்றி முடிக்கும்போது உள்ளே பந்து டக்கென்று மூடுகிறது. அந்தச் சத்தம் கேட்டதும் திரும்பிப் பார்த்துவிடுகிறேன், யாரோ பக்கத்தில் மண்டிபோட்டிருப்பதுபோல.

நைனா, விரலில் மஞ்சளோடு எழுந்து அத்தனை பேரையும் பார்த்தாயே. கை நீட்டினால் தொடுகிற தூரத்தில் குடத்தோடு நின்ற என்னை மட்டும் ஏண்டா பார்க்கவில்லை?