முந்திச் சொல்லாதிருத்தல்

2025 ஒக்ரோபர் 13, திங்கட்கிழமை. கனடாவில் நன்றியறிதல் நாள் விடுமுறை. ஆறரைக்கு எழுந்தேன். யப்பானில் பழகியபடி படுக்கையை மடித்து அலுமாரிக்குள் வைத்துவிட்டு, பேஸ்மென்றிலிருந்து மேலே வந்து கேத்திலைப் போட்டேன். வெளியே மெல்லிய மழை. முன்வீட்டுக்காரர் இலைகளைக் கூட்டிக் கட்டிவைத்த கடதாசிப் பைகள் நனைந்து சரிந்திருந்தன. அப்பாவின் இரத்த அழுத்தத்தை அளந்து எழுதினேன். காலை மாத்திரைகளைக் கொடுத்தேன். சட்டை போடும்போது வலது கையை முதலில் நுழைத்தேன். பலமில்லாத பக்கத்துக்குத்தான் முதலில் உடுத்த வேண்டும் என்று வைத்தியசாலையில் சொல்லித் தந்திருந்தார்கள். பிறகு அவரை ஜன்னலோரக் கதிரையில் இருத்திவிட்டுத் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தேன். அவர் கேட்பதற்கு முன்பே வைத்தேன். அந்த வீட்டில் எல்லாரும் அப்படித்தான் செய்தோம்.

மல்வேர்னில் உள்ள அந்த ரவுன்ஹவுஸ், ஒட்டிக் கட்டிய வரிசை வீடுகளில் ஒன்று, என் தம்பியுடையது. அவனும் அவன் மனைவியும் அப்பாவும் அங்கே இருந்தார்கள். நான் பதினொரு வருடமாக யப்பானில் இருந்தேன். இங்கே வாகன உதிரிப்பாகம் செய்யும் ஒரு கம்பனி தர ஆவணங்களைச் சரிபார்ப்பதற்காக என்னை இரண்டு வருடத்துக்கு அங்கே அனுப்பியது. நகோயாவுக்கு வடக்கே ஒரு சிறு நகரம். இரண்டு வருடம் முடிந்தபோது திரும்ப மனம் வரவில்லை. அங்கேயே ஒரு தொழிற்சாலையில் வேலை எடுத்தேன். கடைசியில் நிரந்தர வதிவிட உரிமையும் கிடைத்தது.

முந்திய வருடம் நவம்பர் தொடக்கத்தில் அப்பாவுக்குப் பாரிசவாதம் வந்துவிட்டதென்று தம்பி போன் எடுத்தான். அடுத்த நாளே புறப்பட்டேன். விமான நிலையத்தில், வெளியேறும் படிவத்தில், ஒரு வருடத்துக்குள் திரும்புவேன் என்ற கட்டத்தில் அடையாளமிட்டேன். அப்படி வெளியேறுபவர் வருடம் முடிவதற்குள் திரும்பாவிட்டால் வதிவிட உரிமை போய்விடும். வெளிநாட்டில் இருந்துகொண்டு அதை நீடிக்க முடியாது. தொழிற்சாலையும் அதே காலம்வரைதான் என் இடத்தை வைத்திருப்பதாகச் சொல்லியிருந்தது. அப்போது ஒரு வருடம் மிக நீண்டதாகத் தெரிந்தது. இந்தத் திங்கட்கிழமை அதில் மூன்று கிழமைகூட மீதமிருக்கவில்லை.

அப்பா ஒரு காலத்தில் ஓயாமல் கதைப்பவர். பஸ்ஸில் பக்கத்தில் இருப்பவர் எந்த ஊரென்று கேட்காமல் இறங்கமாட்டார். பாரிசவாதம் அவருடைய சொற்களைத்தான் கொண்டுபோனது. சொல்வது விளங்கும், ஆட்களைத் தெரியும், காதும் நன்றாகக் கேட்கும். வாயைத் திறந்தால் தேடிய சொல் வராது. வேறொன்று வரும், அல்லது ஒன்றுமே வராது.

அதற்கு நாங்கள் எங்கள் வழமையான வைத்தியத்தைச் செய்தோம். பெரியவர் ஒருவர் வாய்விட்டுக் கேட்கும்படி விடுவது எங்கள் வீடுகளில் குறைச்சல். அவர் "த..." என்றால் தம்பி "தண்ணியோ? தலையிடிக்குதோ?" என்பான். மச்சாள், அதாவது தம்பியின் மனைவி, "தலாணி மாமா, தலாணிதானே?" என்று ஓடிப்போய்த் தலையணையோடு வருவாள். அப்பா களைத்துப்போய் "ஓம்" என்பார். அவருக்கு அந்த வருடம் முழுவதும் சரளமாக வந்த சொல் அதுதான். வேண்டாத போர்வைக்கும் ஓம், பார்க்காத ரிவிக்கும் ஓம். போன் வந்தாலும் தம்பியே வாங்கி, "அப்பா சுகமாயிருக்கிறார், உங்களைக் கேட்டதாச் சொல்லுறார்" என்று கதைத்துவிடுவான். அப்பா பக்கத்தில் இருந்து பார்த்துக்கொண்டிருப்பார். பேச்சுப் பயிற்சிக்கு வந்த பெண், நேரம் கொடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொல்லிவிட்டுப் போனார். அவர் காரை எடுக்கும்போதே நாங்கள் மறந்துவிடுவோம்.

நான் மறந்திருக்கக் கூடாது. சொல் வராமல் நிற்பது எப்படி இருக்குமென்று எனக்குத் தெரியும். நாற்பது வயதுக்குப் பிறகு யப்பானிய மொழி படித்தவள் நான். சனிக்கிழமைகளில் நகர மண்டபத்தின் இரண்டாம் மாடியில் வகுப்பு நடக்கும். வாசலில் சப்பாத்தைக் கழற்றித் தட்டில் வைத்துவிட்டு, எல்லாக் காலுக்கும் சிறிதாகவே இருக்கும் செருப்பை மாட்டிக்கொண்டு உள்ளே போவோம். தொழிற்சாலை வேலைக்கு வந்த வியட்னாம்காரர், பிரேசில்காரர், நேபாளத்திலிருந்து வந்த ஒரு சமையற்காரர் என்று பலர் வருவார்கள். ஒரு மேசைக்கு ஒரு மாணவர், எதிரே சொல்லிக்கொடுக்க ஊர்க்காரர் ஒருவர். அவர்கள் சம்பளமில்லாமல் வருபவர்கள். எனக்கு எதிரே இருந்தவர் மருந்துக்கடையில் வேலை செய்பவர், ஏறத்தாழ என் வயது.

முதல் மாதத்தில் என் குளியலறைக் குழாய் ஒழுகியது. அதை அவரிடம் சொல்ல முயன்றேன். தண்ணீர் என்ற சொல் வந்தது. இரவு வந்தது. ஒழுகுகிறது என்பது வரவில்லை. அவருக்கு நான் சொல்ல வந்தது விளங்கிவிட்டதென்று முகத்தில் தெரிந்தது. இருந்தும் சொல்லித் தரவில்லை. கைகளை மடியில் வைத்துக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தபடி இருந்தார். எனக்கு வியர்த்தது, கோபமும் வந்தது. நடு வயதில் ஒரு பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல என்னை ஏன் நிற்க வைக்கிறாய் என்று மனதுக்குள் தமிழில் திட்டினேன். கடைசியில் "தண்ணீர், இரவு, நிற்கவில்லை" என்று சொன்னேன். அவர் நிமிர்ந்து, "அந்தச் சத்தத்தில் தூங்க முடியாதுதான்" என்றார். அவ்வளவுதான். ஆனால் அது என்னுடைய வாக்கியத்துக்குக் கிடைத்த பதில்.

பிறகு மொழி கொஞ்சம் கைக்கு வந்தபோது, அன்று ஏன் உதவவில்லை என்று கேட்டேன். மருந்துக்கடையில் பழகியது என்றார். வயதானவர்கள் வந்து தங்கள் நோவைச் சொல்லத் தடுமாறுவார்கள். நாங்கள் முந்திச் சொல்லிவிட்டால், இல்லாத நோவுக்கும் ஆமென்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார்கள் என்றார்.

ஞாயிறுகளில் அவர் என்னை ஒரு நடைக் குழுவுக்கு அழைத்துப்போனார். ஊருக்குப் பின்னால் உள்ள சிறிய மலைகளில் ஏறி, சோற்றுருண்டை சாப்பிட்டு, இறங்கி, அடிவாரத்துக் குளியல் வீட்டில் வெந்நீரில் கிடந்துவிட்டு வீடு திரும்புவோம். மெதுவாக நடப்பவரை அவர்கள் பின்னால் விடுவதில்லை. வரிசையில் வழிகாட்டிக்கு அடுத்ததாக நிறுத்துவார்கள். முதல் இரண்டு வருடமும் அது என்னுடைய இடமாக இருந்தது. என் பின்னால் பத்துப் பன்னிரண்டு பேர் என் வேகத்தில் வருவார்கள். ஒருவரும் இருமக்கூட மாட்டார்கள்.

இதையெல்லாம் மல்வேர்னில் சொல்லிக் காட்டுவது எளிதாக இருக்கவில்லை. "யப்பான்காரி தொடங்கீற்றா" என்பாள் மச்சாள். அன்பில்தான் சொல்வாள். தம்பிக்கு என் வதிவிட உரிமை முடியப்போவது தெரியும். செப்ரெம்பரில் குசினியில் வைத்து அதைப் பற்றிக் கதைத்தோம்.

"அப்பாவுக்குச் சொல்லிப்போடாதை அக்கா" என்றான். "பிறசர் ஏறும். நீ போறாயெண்டு தெரிஞ்சா மனுசன் உடைஞ்சுபோடும்."

நான் சரி என்றேன். எங்கள் வீடுகளில் நோயாளிக்குத் துக்கச் செய்தி சொல்வதில்லை. அம்மாவின் நோயையும் அம்மாவுக்குக் கடைசிவரை சொல்லவில்லை. அன்றிரவே, போகாமல் விடுவதென்று தீர்மானித்தேன். யாருக்கும் சொல்லவில்லை. நாள் வந்து தானாகக் கடந்து போகட்டும் என்று நினைத்தேன். யப்பானில் எனக்குக் கீழ்வீட்டில் இருக்கும் அம்மா, அங்கே என் பல்கனிப் பூச்சாடிகளின் படம் ஒன்றைக் கிழமைக்கொருமுறை அனுப்புவார். ஒக்ரோபர் வந்த பிறகு அந்தப் படங்களைத் திறக்கவில்லை.

திங்கட்கிழமை மத்தியானம் நால்வரும் ஒன்றாகச் சாப்பிட இருந்தோம். மச்சாள் கோழிக்கறியும் புட்டும் செய்திருந்தாள். ஊரெல்லாம் வான்கோழி சாப்பிடும் நாளில் எங்களுக்கும் ஒரு பறவை வேண்டும் என்பது அவள் கணக்கு. அப்பா இடது கையில் கரண்டியோடு இருந்தார். திடீரென்று கரண்டியை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"எப்ப..." என்றார்.

"எப்ப சாப்பாடோ? இந்தா போடுறன் மாமா" என்றாள் மச்சாள்.

"மருந்து எப்பவெண்டு கேக்கிறார். சாப்பிட்டாப் பிறகு அப்பா" என்றான் தம்பி.

அப்பா "ஓம்" என்றார். ஆனால் கரண்டியை எடுக்கவில்லை. கண்ணும் என்னைவிட்டுப் போகவில்லை. நான் கையை உயர்த்தினேன்.

"தம்பி, பொறு. மச்சாள், நீங்களும் இருங்கோ."

"கறி ஆறுது மச்சாள்." அவளும் என்னை அப்படித்தான் கூப்பிடுவாள்.

"ஆறட்டும்."

நான் கைகளை மடியில் வைத்துக்கொண்டு மேசையைப் பார்த்தேன். மழை ஜன்னலில் விழும் சத்தம் கேட்டது. மச்சாள் அகப்பையோடு நின்றாள், பிறகு மெல்ல இருந்தாள். தம்பியின் கால் மேசைக்குக் கீழே ஆடிக்கொண்டிருந்தது. இரண்டு தரம் அவன் வாய் திறந்தது. இரண்டு தரமும் மூடிக்கொண்டான். அப்பாவின் மூச்சு மேலும் கீழும் போனது. தவறான ஒரு சொல் வந்தது. தலையை ஆட்டி அதைத் தள்ளினார்.

"எப்ப... நீ... யப்... பான்."

தம்பியால் அதற்குமேல் முடியவில்லை. "அக்கா போகேல்லை அப்பா, இஞ்சதான் நிப்பா" என்றான்.

அப்பா அவன் பக்கம் திரும்பினார்.

"உன்னை... கேக்கேல்லை."

மச்சாள் சிரித்துவிட்டாள். "நல்லா வேணும் உங்களுக்கு" என்று புருஷனின் தோளில் அடித்தாள். தம்பியும் சிரித்தான். ஒரு வருடமாக அப்பாவின் வாயிலிருந்து வந்த முதல் முழு வசனம் அதுதான். நான் மட்டும் சிரிக்கவில்லை. குசினிக்கும் அவருடைய ஜன்னலோரக் கதிரைக்கும் இடையில் கதவு இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. செப்ரெம்பரிலேயே எல்லாம் கேட்டிருக்கிறார். அதைக் கேட்பதற்கு ஒரு மாதமாகச் சொல் தேடியிருக்கிறார்.

"இந்த மாத முடிவுக்குள்ள போகவேணும் அப்பா" என்றேன். "போகாட்டில் அங்க இருக்கிற உரிமை போயிடும், வேலையும் போயிடும். போகாமல் விடுவமெண்டு இருக்கிறன்."

தம்பி என்னைத் திரும்பிப் பார்த்தான். அந்தக் கடைசி வசனம் அவனுக்கும் புதிது.

அப்பா நீண்ட நேரம் எடுத்தார். இந்த முறை ஒருவரும் வாய் திறக்கவில்லை.

"ஏன்... எனக்கு... சொல்லேல்லை?"

பிறசரைப் பற்றிச் சொல்லியிருக்கலாம். அது பதிலல்ல என்று மூவருக்கும் தெரிந்தது. அப்பா கரண்டியை எடுத்துச் சாப்பிடத் தொடங்கினார். புட்டும் கறியும் ஆறிப்போயிருந்தன. அவர் முழுவதையும் சாப்பிட்டார்.

கோப்பைகளைக் கழுவிக்கொண்டிருந்தபோது கதிரையைத் தட்டி என்னைக் கூப்பிட்டார். ஈரக்கையோடு போய் நின்றேன். சுவரோரம் இருந்த வீட்டுப் போனை இடது கையால் காட்டினார். அந்த வருடம் முழுவதும் அவர் தொடாத போன்.

"போ. போன்... எடு." நிறுத்தி மூச்சு வாங்கினார். "நான்... கதைப்பன்."

வேறு ஏதும் வருமோ என்று பார்த்தேன். வரவில்லை. சொல்ல வேண்டியதைச் சொல்லி முடித்தவரின் முகம் அது. ரிவியைக் காட்டினார். அன்று அவருக்கு உண்மையாகவே ரிவி வேண்டியிருந்தது.

பின்னேரம் தம்பி கராஜ் வாசலில் என்னோடு நின்றான்.

"அவர் சொல்லிப்போட்டாரெண்டு நீ போயிடுவியோ?"

"அவர் போன் எடுத்துக் கதைப்பாரெண்டால் போவன்."

"கதைக்காட்டில்?"

"நிப்பன்."

அவன் நனைந்த இலைகளைக் காலால் தள்ளினான். "அவர் சொல்லுக்குத் தவிக்கேக்க பாத்துக்கொண்டு இருக்கேலாதக்கா. என்ரை நெஞ்சு அடிக்குது."

"அவரைப் பாக்காதை. உன்ரை கோப்பையைப் பார். மேசையைப் பார்."

"எவ்வளவு நேரத்துக்கு?"

"அவர் முடிக்கும் வரைக்கும்."

"உது யப்பானிலை படிச்சதோ?"

"ஓம். செலவில்லாமல்."

அவன் சிரிக்க முயன்றான். பிறகு, "எனக்கு ஒரு கஷ்டமும் இல்லை, நீ போ" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டான். அவனுடைய குரலில் கஷ்டம் இருந்தது. அதை நான் அவனுக்காகச் சொல்லி முடிக்கவில்லை.

இரவு விமானக் கம்பனியின் பக்கத்தைத் திறந்து வைத்தேன். இம்மாதம் இருபத்தைந்தாம் திகதி ஒரு இருக்கை இருந்தது. பணம் கட்டும் இடம்வரை போய்க் கணினியை மூடினேன். அன்றைய குறிப்பில் இரத்த அழுத்தத்தை மட்டும் எழுதினேன். ஏறியிருக்கவில்லை. பிறகு கீழ்வீட்டு அம்மா அனுப்பிய இரண்டு படங்களையும் திறந்து பார்த்தேன். ஒரு சாடியில் ஏதோ முளைத்திருந்தது. நான் நட்டதல்ல.

மறுநாள் காலை முதல் வேலையாக, படுக்கையை மடிப்பதற்கும் முன்பு, பேஸ்மென்றில் இருந்தபடியே மேலே உள்ள வீட்டுப் போனுக்கு அழைத்தேன். தம்பியும் மச்சாளும் குசினியைவிட்டு அசைவதில்லை என்று முதல் நாளே பேசியிருந்தோம். மணி அடித்தது. தலைக்கு மேலே, மரத் தரையில் அப்பாவின் கைத்தடி ஊன்றும் சத்தம் கேட்டது, நின்றது, மறுபடியும் கேட்டது. மணி அடித்துக்கொண்டே இருந்தது. குசினியில் ஒரு கதிரை பின்னால் இழுபட்டது. ஆனால் காலடி எதுவும் வரவில்லை. பிறகு மணி நின்றது. மூச்சுச் சத்தம் மட்டும் காதில் விழுந்தது. நான் "அப்பா" என்று சொல்லவில்லை. மடிக்காத படுக்கையைப் பார்த்துக்கொண்டு பொறுத்திருந்தேன்.

"ஓம்" என்றார். அதன் பிறகு, தேடி எடுத்து, "சொல்லு... பிள்ளை" என்றார்.