இரண்டு படைக்கும் ஒரே கூட்டம்மா

ஸ்டுடியோவில் எல்லோரும் அவளைக் கூட்டம்மா என்றுதான் கூப்பிட்டார்கள். படத்தில் கூட்டம் தேவைப்படும் இடத்துக்கெல்லாம் ஆள் கொண்டுவந்து நிறுத்துவது அவள் வேலை. ரயில் நிலையத்தில் பெட்டியோடு ஓடுவதற்கு, நீதிமன்றத்தில் பின்வரிசையில் கொட்டாவி விடுவதற்கு, போர்க்களத்தில் செத்து விழுவதற்கு, எதற்கென்றாலும் அவளுக்குத்தான் போன் வரும்.

ஆசைப்பட்டு வந்த வேலை இல்லை. முதலில் இதைச் செய்துகொண்டிருந்தவர் அவள் கணவர். ஆள் குறைந்த ஒரு நாள் தானே பிணமாகப் போய்ப் படுத்தார். குதிரை இடுப்பில் மிதித்துவிட்டது. கட்டிலில் கிடந்தபடி, "நாளைக்கு மார்க்கெட் கூட்டம் வேணுமாம், நீயே பேசிடேன்" என்று போனை நீட்டினார். அன்று பிடித்த வேலை, இன்னும் விடவில்லை. யாருக்கு முட்டி வலி, யார் வெயிலில் மயங்கி விழுவார், யாரை யார் பக்கத்தில் நிறுத்தக் கூடாது என்பதெல்லாம் அவள் தலைக்குள் ஏறிக்கொண்டது. கூடவே தலைவலியும் குடியேறிவிட்டது.

அந்த வருஷம் வந்தது ஒரு ராஜா படம். நாடு நாடாகப் பிடித்துக்கொண்டு போகும் பழைய காலத்து அரசன் ஒருவனின் கதை. இயக்குநருக்கு அந்த ராஜாமேல் அப்படி ஒரு பக்தி. தினமும் காலையில் மெகாபோனை வாயில் வைத்தால் இறக்க மாட்டார்.

"தலைவனுக்கு என்ன வேணும்? பார்வை! அவன் ஒரு பார்வை பார்த்தா ஆயிரம் பேர் எழுந்து நிக்கணும்!"

ரப்பர் கவசத்துக்குள் வெந்துகொண்டிருந்தவர்கள் விடிந்ததிலிருந்து நின்றுகொண்டுதான் இருந்தார்கள். உட்கார வைக்கும் தலைவன் எவனாவது வந்தால் அவன் பின்னாலேயே போயிருப்பார்கள்.

ராஜாவின் படை கூட்டம்மாவுடையது. எதிரிப் படையைக் கொண்டுவந்தவர் வேறொரு ஏஜென்ட். அவர் ஒரு நாள் படக் கம்பெனியோடு வாய்த்தகராறு முற்றி, தன் ஆட்களை அப்படியே மைதானத்தில் விட்டுவிட்டுப் போய்விட்டார். மேனேஜர் ஓடிவந்தார்.

"இனிமே ரெண்டு படையையும் நீங்களே பாத்துக்கோங்கம்மா."

"எதிரிப் படையையுமா?"

"அந்த நாட்டையும் பிடிச்சாச்சுன்னு வச்சுக்கோங்க."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். எதிரிப் படையினர் அவளைப் பார்த்த பார்வையில் நட்பு துளியும் இல்லை. நடுவில், மைக் இல்லாமலேயே மைதானத்தின் கடைசிவரை கேட்கும் தொண்டையோடு ஒருவன் நின்றிருந்தான். அவன் பெயர் பீரங்கி. அவன் சொன்னால்தான் அவர்கள் அசைவார்கள்.

படத்துக்குச் சரித்திர ஆலோசனை சொல்ல ஒரு பேராசிரியையை வரவழைத்திருந்தார்கள். தார்ப்பாய் நிழலில் நாற்காலி போட்டு உட்கார வைத்ததோடு சரி, அவரிடம் யாரும் எதையும் கேட்டதில்லை. கூட்டம்மா டீ டம்ளரோடு பக்கத்தில் போய் உட்கார்ந்தாள்.

"டீச்சர், இவங்களை வச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? நீங்க படிச்ச ராஜாக்கள் எல்லாம் என்னதான் பண்ணாங்க?"

ஒருவழியாக ஒருத்தி கேட்டாளே என்று பேராசிரியை நிமிர்ந்து உட்கார்ந்தார். "கெட்டிக்கார ராஜாக்கள் பிடிச்ச ஊர்ல இருந்த தலைவனையே திரும்ப அங்க வச்சுட்டுப் போனாங்க. சைரஸ்னு ஒரு பாரசீக ராஜா, தோத்தவங்க சாமியைக்கூடத் தொடல. அப்புறம் சோறு, தண்ணி. அடுத்த கிணறு எங்க இருக்குன்னு தெரியாம எவனும் படையை நகர்த்தினதில்ல. பார்வை கீர்வை எல்லாம் அதுக்கு அப்புறம்."

"அப்படியும் எதிர்த்து நின்னா?"

"ஊரையே கொளுத்தினாங்க. அதையும் சொல்லணும்ல. அதைப் பாத்துட்டுத்தான் பக்கத்து ஊர்க்காரன் கதவைத் திறந்தான்."

"கொளுத்தறதெல்லாம் நமக்கு ஆகாது. முதல்ல சொன்னதைச் செஞ்சு பாக்கறேன்."

பீரங்கியைக் கூப்பிட்டு, "உங்க ஆளுங்களுக்கு நீங்கதான் பெரியவர், நான் குறுக்க வரமாட்டேன்" என்றாள். காலையிலிருந்து அவர்கள் வயிற்றில் ஒன்றும் விழவில்லை என்று தெரிந்ததும் சாப்பாட்டு வண்டியை நேராக அங்கே விடச் சொன்னாள். சாயங்காலத்துக்குள் எதிரிப் படை அவள் கை அசைவுக்கு விழுந்தது, எழுந்தது. பீரங்கியே "அக்கா" என்று கூப்பிட ஆரம்பித்தான். அவன் உயரத்தையும் தொண்டையையும் பார்த்த இயக்குநர், ராஜா கையால் கேமராவுக்கு முன்னால் சாகும் எதிரித் தளபதி வேஷத்தை அவனுக்கே கொடுத்துவிட்டார்.

அப்பாடா என்று மூச்சு விடுவதற்குள் சொந்தப் படை முறுக்கிக்கொண்டது.

மறுநாள் காலை. பெரிய போர்க் காட்சி. குதிரைகள் வந்தாயிற்று, புகை போட்டாயிற்று. கூட்டம்மாவின் ஆட்கள் ஈட்டிகளைத் தரையில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். முன்னால் இருந்தது அவளுடைய கொழுந்தன், கணவரின் தம்பி. அண்ணன் காலத்திலிருந்து கூட இருப்பவன்.

"என்ன இது?"

"நேத்து வந்தவங்களுக்கு முதல் சாப்பாடு. நேத்து வந்தவனுக்கு வேஷம். நாங்க என்ன இளிச்சவாயங்களா அண்ணி?"

இயக்குநர் ராஜாவை அனுப்பினார். ராஜா வேஷக்காரர் கிரீடத்தைச் சரிசெய்துகொண்டு வந்து, இத்தனை நாள் பழகிய அந்தப் பார்வையைப் பார்த்தார். ஒருவரும் எழவில்லை. "சார், டீ எப்ப வரும்?" என்று பின்னாலிருந்து ஒரு குரல் மட்டும் கேட்டது.

பேராசிரியை அவள் காதருகே வந்தார். "அலெக்சாண்டருக்கும் இதேதான் நடந்துச்சு. பாரசீகக்காரங்களுக்கு இடம் குடுத்தான்னு பழைய படை கோவிச்சுக்கிச்சு. அவன் உள்ள போய் அடைஞ்சுக்கிட்டான். யார் முகத்துலயும் முழிக்கல. பதவியெல்லாம் புது ஆளுங்களுக்குன்னு சொல்லிட்டான். பழைய ஆளுங்க வாசல்ல வந்து நின்னு அழுதாங்க."

இது நன்றாக இருக்கிறதே என்று கூட்டம்மாவுக்குத் தோன்றியது. "இனிமே எல்லாத்துக்கும் பீரங்கி ஆளுங்களே போதும்" என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லிவிட்டு, உடை அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். ஒட்டுத் தாடிகளுக்கும் சவுரிகளுக்கும் நடுவில் உட்கார்ந்து அழுகைச் சத்தத்துக்குக் காத்திருந்தாள். ஒன்றும் கேட்கவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு ஜன்னலைத் திறந்தாள். அவளுடைய படை கேடயங்களைத் தலைக்கு வைத்து நிழலில் தூங்கிக்கொண்டிருந்தது. குறட்டையில் கொழுந்தன்தான் தளபதி.

"சரித்திரமாம் சரித்திரம்!" என்று கதவை உதைத்துத் திறந்துகொண்டு வெளியே வந்தாள்.

"எழுந்திருடா! உனக்கு என்னதான் வேணும்? மத்தவங்க எல்லாம் உன் முகத்தைப் பாத்துத்தான் உட்கார்ந்திருக்காங்க. சொல்லித் தொலை!"

கொழுந்தன் கண்ணைக் கசக்கிக்கொண்டு எழுந்தான். கத்துவான் என்று எதிர்பார்த்தாள். அவன் குரலை இறக்கிக்கொண்டான்.

"எத்தனை படம் அண்ணி. ஒரு தடவையாவது என் மூஞ்சி தெரிஞ்சிருக்கா? என் பையன் திரையைப் பாத்து எங்கப்பா எங்கன்னு தேடறான். எப்பவும் கடைசி வரிசை. வீட்டு ஆளு, கேக்கமாட்டான்னு தானே?"

உண்மையே அதுதான். யாரைப் பின்னால் தள்ளினாலும் ஒரு சண்டை. இவனைத் தள்ளினால் சண்டை இல்லை. அதற்காகவே தள்ளியிருந்தாள்.

விறுவிறுவென்று இயக்குநரிடம் போனாள். "சார், பீரங்கியைக் கொல்றது என் கொழுந்தனா இருக்கட்டும்."

"என்னம்மா பேசறீங்க? அவனைக் கொல்றது ராஜா! அங்கதான் ராஜாவோட வீரமே இருக்கு!"

"ராஜா நேத்து வரைக்கும் எத்தனையோ பேரைக் கொன்னுட்டார் சார். ஒண்ணை விட்டுக் குடுக்கட்டும். இல்லன்னா அவர் தனியாத்தான் போருக்குப் போகணும்."

ராஜா வேஷக்காரர் கிரீடத்தைக் கழற்றி நெற்றியைத் துடைத்தார். "எனக்கு ஆட்சேபணை இல்லை. அந்த நேரம் நான் நிழல்ல இருப்பேன்."

இயக்குநர் மெகாபோனைக் கீழே வைத்தார். கொழுந்தன் தலைக்கவசத்தைத் துடைத்து மாட்டிக்கொண்டான். அவன் எழுந்ததும் மற்றவர்களும் ஈட்டியை எடுத்தார்கள். அத்தோடு தீர்ந்தது என்று அவள் நினைத்தபோது பீரங்கி வந்து நின்றான். முகம் தொங்கிப்போயிருந்தது.

"ராஜா கையால சாகப்போறேன்னு வீட்ல சொல்லிட்டு வந்தேன்க்கா. இப்ப யாரோ ஒரு சிப்பாய் கையால..."

"செத்துப் போறதுல என்னய்யா கௌரவம் வேண்டிக்கிடக்கு? சும்மா விழுய்யா!"

விழுந்தான். அலறிக்கொண்டு விழுந்த வேகத்தில் ஒரு குதிரையே மிரண்டு பின்வாங்கியது. இயக்குநர் சந்தோஷத்தில் இருக்கையிலிருந்து குதித்தார்.

படம் வந்தது. கொழுந்தன் முகம் திரை முழுக்கத் தெரிந்தது. பையனை இரண்டு தடவை கூட்டிக்கொண்டு போனான். பிறகு வீட்டுக்கு வந்து, "வாயைத் திறந்துட்டிருக்கும்போது எடுத்துட்டாங்க அண்ணி, கிழவன் மாதிரி இருக்கேன்" என்று குறைப்பட்டான். கூட்டம்மா பல்லைக் கடித்துக்கொண்டு அடுப்படிக்குப் போய்விட்டாள். கட்டிலில் இருந்த கணவர்தான் சுவர்ப்பக்கம் திரும்பிச் சிரித்துக்கொண்டார்.

பீரங்கியின் ஆட்கள் இப்போது அவளோடுதான் இருக்கிறார்கள். பீரங்கியும் கொழுந்தனும் மட்டும் நேருக்கு நேர் பேசிக்கொள்வதில்லை. எந்தக் கூட்டத்தில் நிறுத்தினாலும் இடம் போதவில்லை என்று ஒருவரையொருவர் முழங்கையால் இடிப்பார்கள்.

"அண்ணி, அந்த ஆளை நகரச் சொல்லுங்க."

"அக்கா, அவரை முதல்ல நகரச் சொல்லுங்க."

அவள் நடுவில் போய் நின்று, ஆளுக்கு ஒரு கையாக இரண்டு பேரையும் தள்ளிவிட்டு வருவாள்.