தேர்வீதியில் ஒரு பனிக் காற்சட்டை

என் உடம்பை என்னைக் கேட்காமலே என் மனைவி அம்மனுக்கு நேர்ந்துவிட்டாள். அப்போது நான் வவுனியா ஆஸ்பத்திரியில் இடது பக்க இடுப்பெலும்பு உடைந்து கிடந்தேன். அறுவடை முடிந்து உழவு இயந்திரப் பெட்டியில் நெல் மூட்டைகளை அடுக்கி, மேலே ஏறி நின்று கயிற்றை இழுத்து இறுக்கினேன். ஒவ்வொரு போகமும் செய்கிற வேலைதான். அன்றைக்குக் கயிறு அறுந்தது. இழுத்த வேகத்தில் மல்லாக்கப் பறந்துபோய் வரம்பில் விழுந்தேன். எழும்பலாம் என்று காலை அசைத்தபோதுதான் அது என் சொல்லைக் கேட்கவில்லை என்று தெரிந்தது.

தகடும் ஆணியும் வைத்துத் தைத்து அனுப்பினார்கள். இரும்பு எனக்குப் புதிதில்லை. முதுகில் ஏற்கெனவே ஒரு ஷெல் துண்டு இருக்கிறது, அது டொக்டர்மார் வைத்ததல்ல. ஆனால் அந்தத் துண்டோடு பதினைந்து வருடம் வயல் செய்தவன், இந்தத் தகட்டோடு முற்றத்தைக் கடக்கப் பயந்தேன். மல்லாவிக்குப் பக்கத்தில் எங்கள் வீடு. முற்றத்திலிருந்து வாசல் படலை வரை முப்பது அடி இருக்கும். பொல்லை ஊன்றிக்கொண்டு அந்த முப்பது அடியைப் போய் வந்த முதல் நாளில்தான் மனைவி வாயைத் திறந்தாள்.

"இஞ்சாருங்கோ, ஒண்டு சொல்ல வேணும். கோவிக்கக் கூடாது."

அவள் இப்படித் தொடங்கினால் கோவிக்கிற சங்கதிதான் வரும்.

"நீங்கள் எழும்பி நடந்தால் வாற தேருக்குப் பிரதட்டை செய்வீங்களெண்டு அம்மாளாச்சிக்கு நேந்துபோட்டன்."

பிரதட்டை என்றால் சும்மா சுற்றி வருவதல்ல. கிணற்றில் தலைமுழுகி, ஈர வேட்டியோடு நிலத்தில் படுத்து, கோயிலின் வெளிவீதி முழுவதும் தேருக்குப் பின்னால் உருண்டு வருவது. இடுப்பு நல்லாயிருக்கிற இளந்தாரிகளே வடக்கு வீதியில் வாந்தி எடுப்பார்கள்.

"உருளுறது நானெண்டால் என்னட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமே?"

"கேக்கிற நிலையிலயே நீங்கள் கிடந்தனீங்கள்?"

"அப்ப உன்ர உடம்பை நேந்திருக்கலாம். அது நல்லாத்தானே இருந்தது?"

அவள் குசினிக்குள் போய்விட்டாள். அவள் வாயை அடைத்துவிட்டேன் என்று ஒரு நிமிடம் சந்தோசப்பட்டேன். பிறகு அந்தக் கோபம் அப்படியே வயிற்றில் தங்கிவிட்டது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, ஆஸ்பத்திரியில் என் மூத்திரப் போத்தலை எடுத்து ஊற்றியவளோடு மாதக்கணக்காக உள்ளுக்குள் சண்டை பிடித்துக்கொண்டிருந்தேன்.

இடையில் சுவிசிலிருந்து ஒரு பொதி வந்தது. அனுப்பியவன் மனைவியின் தம்பி. சொக்லட், தைலம், சொக்ஸ் எல்லாவற்றுக்கும் அடியில் கறுப்பாக ஒரு காற்சட்டை. தொடை வரை இறுக்கிப் பிடிக்கும். இரண்டு இடுப்பிலும், பின்பக்கத்திலும், முதுகடியில் நாரிக்குக் கீழேயும் உள்ளங்கை மொத்தத்துக்கு ஸ்பொஞ்ச் வைத்துத் தைத்திருந்தது. தூக்கிப் பிடித்தபோது ஆள் இல்லாமலே ஆள் இருக்கிற மாதிரி நின்றது.

போனில் விளக்கம் சொன்னான். வேலை இடத்து ஆட்களோடு பனிமலைக்குச் சறுக்கி விளையாடப் போனானாம். விழுந்தால் நோகாமல் இருக்க உள்ளே போடுகிற காற்சட்டையாம் இது.

"நல்லாச் சறுக்கினியோ?" என்று கேட்டேன்.

"இல்லை அத்தான். பன்ரண்டு தரம் விழுந்தன். ஆனால் ஒரு இடமும் நோகேல்ல. பதின்மூண்டாம் தரம் முகம் குப்புற விழுந்தன், அதுக்கு ஒரு காற்சட்டையும் இல்லை. அதோட விட்டிட்டன். அது சும்மா கிடக்குது, நீங்கள் போடுங்கோ. இடுப்பிலதானே உங்களுக்கும் பயம்?"

போட்டேன். சாரத்துக்குள்ளே போட்டுக்கொண்டு வயலுக்கும் போனேன். எங்கள் வெயிலுக்கு அது அடுப்பில் இருக்கிற மாதிரித்தான். பக்கத்துக் காணிக்காரன் என்னைச் சுற்றி ஒருமுறை நடந்து பார்த்தான்.

"ஆஸ்பத்திரிச் சாப்பாடு உனக்கு நல்லாப் பிடிச்சிருக்குது. அதுவும் பின்பக்கத்துக்குத்தான் பிடிச்சிருக்குது."

சிரித்தால் சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன். ஒருநாள் வாய்க்கால் வரம்பில் பொல்லு வழுக்கிப் பொத்தென்று பின்பக்கமாக இருந்துவிட்டேன். காய்ந்து இறுகின மண். ஒன்றும் ஆகவில்லை. அந்தக் காற்சட்டை என்னை மடியில் வாங்கிக்கொண்ட மாதிரி இருந்தது. அன்றிலிருந்து பொல்லு ஒன்று, காற்சட்டை ஒன்று, இரண்டும் இல்லாமல் கட்டிலை விட்டு இறங்கமாட்டேன்.

கிளினிக்கில் டொக்டர்ப் பிள்ளை எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "எலும்பு நல்லாப் பொருந்தியிட்டுது ஐயா. இனிப் பொல்லை விடலாம். உங்களுக்கு இருக்கிறது பயம்தான்" என்றாள். படம் பார்க்கிற ஆளுக்கு என்ன, விழுகிறது நான்தானே.

மனைவி கதிரை நுனியில் இருந்துகொண்டு தன் சங்கதியைக் கேட்டாள். "டொக்டர், இவர் கோயில் வீதியில உருளலாமோ?"

டொக்டர் எழுதுவதை நிறுத்தினாள். "அந்தப் பக்கம் அடிபடக் கூடாது. நான் ஓமெண்டும் சொல்லேல்ல அம்மா, இல்லையெண்டும் சொல்லேல்ல."

மனைவியின் பயம் எனக்குத் தெரியும். நேர்ந்ததைச் செய்யாவிட்டால் கொடுத்ததை அம்மாள் திரும்ப எடுத்துவிடுவாள் என்று பயந்தாள். செய்யப்போய் இடுப்பு மறுபடி உடைந்தால் அதுவும் தன்னால்தான் என்று பயந்தாள். தேர் நாள் கிட்ட வரவர அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன், ஆனால் என் கோபம் அவளிடம் ஒரு நல்ல வார்த்தை சொல்ல விடவில்லை.

வாய்க்கால் வரம்பில் விழுந்ததை நினைத்து வழி கண்டுபிடித்ததும் அவள்தான். "உந்தக் காற்சட்டையைப் போட்டுக்கொண்டு உருண்டால் என்ன? வேட்டிக்குள்ளதானே, ஆருக்குத் தெரியப்போகுது?"

"அம்மாளாச்சிக்குத் தெரியும்."

அதுதான் அவளுக்கும் இடித்தது. நோகாமல் உருளுவது நேர்த்திக்கடனா, ஏமாற்றா? பூக்கட்டிப் பார்த்தாள். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக வெற்றிலையில் மடித்துச் சாமிப்படத்துக்கு முன்னால் போட்டு, ஒன்றை எடுக்க வேண்டும். வெள்ளை வந்தால் போடலாம். சிவப்பு வந்தது.

அவள் அசரவில்லை. "காற்சட்டை எண்டு சொன்னால் அம்மாளுக்கு என்ன விளங்கும்? ஊர்க் காற்சட்டை எண்டு நினைச்சிருப்பா" என்று அந்தச் சுவிஸ் சாமானைச் சவர்க்காரம் போட்டுத் தோய்த்தாள். இரண்டு நாள் வெயிலில் கிடந்தும் உள்ளே ஈரம் போகவில்லை. மூன்றாம் நாள் மடித்துச் சாமியறை வாசற்படியில் வைத்து, அது எதற்கென்று விளக்கமாகச் சொல்லி, மறுபடியும் பூ எடுத்தாள். வெள்ளை வந்தது. எவ்வளவு நாளைக்குப் பிறகு அவள் அன்று சிரித்தாள்!

இரண்டு நாள் காயாமல் கிடந்த சாமான் தண்ணீர் பட்டால் என்ன ஆகும் என்று எங்கள் இருவரில் ஒருவருக்காவது மண்டையில் ஏறியிருக்க வேண்டும். ஏறவில்லை.

தேரன்று காலை கோயில் கிணற்றடியில் பொல்லைச் சாத்திவிட்டு நின்றேன். பக்கத்துக் காணிக்காரன் வாளி வாளியாக அள்ளி என் தலையில் ஊற்றினான். வேட்டியைக் கட்டிய இடத்திலேயே ஒரு பாரம் தெரிந்தது. பதற்றத்தில் கவனிக்கவில்லை. அவன் தோளைப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். தேர் அசைந்தது, அரோகரா எழுந்தது, நான் கைகளைத் தலைக்கு மேலே கூப்பிக்கொண்டு மணலில் படுத்தேன். மனைவி கையில் துவாயோடு பக்கத்தில் நடந்து வந்தாள், வேட்டி விலகினால் இழுத்துவிட.

முதல் உருட்டிலேயே காற்சட்டை சளக் என்றது. ஸ்பொஞ்ச் முழுவதும் கிணறு இருந்தது. ஒவ்வொரு உருட்டுக்கும் சளக், சளக் என்று தண்ணீர் கக்கிவிட்டு, நிமிர்ந்ததும் வேட்டியிலிருந்தும் நனைத்துவிட்ட மணலிலிருந்தும் மறுபடி குடித்துக்கொண்டது. மணலும் சேர்ந்து ஒட்ட, இடுப்பில் இரண்டு உரப்பை கட்டின பாரம். நோகவில்லை, அதைச் சொல்ல வேண்டும். ஆனால் பிரளவும் முடியவில்லை. கைகளால் உந்தி, தோளால் இழுத்து, ஒரு மாதிரித் தெற்கு வீதியைக் கடந்தேன்.

"அண்ணை, கொஞ்சம் கெதியா" என்றான் பின்னால் உருண்டு வந்தவன். பிறகு அவனே என்னைச் சுற்றிப் போனான். அவனுக்குப் பின்னால் வந்தவர்களும் போனார்கள். தேர் வடக்கு வீதிக்குத் திரும்பியபோது நான் மேற்கு வீதி மூலையில் இருந்த வேப்பமரத்தடியில் வானத்தைப் பார்த்துக் கிடந்தேன். அசைய ஏலாது. எழும்பி இருந்தேன். மாதக்கணக்காக வயிற்றில் கிடந்தது வாயில் வந்தது.

"ஏன் இப்பிடிச் செய்தனி? நேர உனக்கு வேற ஒண்டும் கிடைக்கேல்லயே? என்ர உடம்புதான் கிடைச்சதோ?"

அவள் குந்தியிருந்து என் நெற்றி மணலைத் துவாயால் துடைத்தாள்.

"ஆஸ்பத்திரி வாட்டில நாலு நாள் மல்லாக்கக் கிடந்தனீங்கள். ஒருக்களிச்சுப் படுக்க உங்களால ஏலேல்ல. பிரட்டிவிடு, பிரட்டிவிடு எண்டு என்னைக் கெஞ்சினீங்கள். பிரட்டக் கூடாதெண்டு நேர்சம்மா சொல்லிப்போட்டா. அதைப் பாத்துக்கொண்டு நிண்ட எனக்கு வேற என்ன கேக்கத் தெரியும்? இந்த மனிசன் திரும்பத் தானாப் பிரள வேணும், அதை நான் கண்ணால பாக்க வேணும் எண்டு கேட்டன். என்ர உடம்பை நேந்தால் உங்கட உடம்பு பிரளுறதை நான் எப்பிடிப் பாக்கிறது?"

கெஞ்சியது எனக்கு நினைவே இல்லை. நான் இல்லாத நேரத்தில் என் வலியை அவள்தான் வைத்திருந்திருக்கிறாள். மன்னிப்புக் கேட்கத் தெரியாத சாதி நான். அவள் கையை மட்டும் பிடித்தேன்.

"பிரண்டாச்சு. ஒரு வீதி முழுக்கப் பிரண்டனீங்கள், நான் பாத்தன். போதும்" என்றாள். "மிச்சம் நான் செய்யிறன். நேந்தது நான்தானே."

சேலை முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். விழுந்து கும்பிட்டாள். எழும்பி இரண்டு அடி வைத்து மறுபடியும் விழுந்து கும்பிட்டாள். அடியழிப்பு என்று பெண்கள் செய்வது அது. கூடவே வந்த காணிக்காரனும் இன்னொருவரும் துவாயை மறைத்துப் பிடிக்க, நான் அந்தக் காற்சட்டையைக் கழற்றி எறிந்தேன். அது மணலில் தொப்பென்று விழுந்து தண்ணீர் விட்டது.

"சுவிஸ்காரன் கேட்டால் என்ன சொல்லுறது?" என்றான் காணிக்காரன்.

"பதினாலாம் தரம் விழுந்ததெண்டு சொல்லு."

நான் அவளுக்குப் பின்னால் போனேன். அவள் விழுகிற இடத்தில் கல் கிடந்தால் குனிந்து எடுத்துப்போட்டேன். வெயில் ஏற மணல் சுட்டது. மேற்கு வீதி முடிந்தது. வடக்கு வீதியில் அவளுடைய முழங்கால் பக்கம் சேலையில் ரத்தம் ஊறியிருந்தது. "காணும், போதும், எழும்பு" என்றேன். கேட்கவில்லை. தேர் இருப்பிடத்துக்கு வந்து நின்ற பிறகும் கனநேரம் எடுத்து, வாசலில் கடைசியாக விழுந்து கும்பிட்டாள்.

கை கொடுத்துத் தூக்கிவிட்டேன். நிமிர்ந்தவள் மூலஸ்தானத்தைப் பார்க்கவில்லை. என் கால்களைப் பார்த்தாள். பிறகு என் கையைப் பார்த்தாள்.

"பொல்லு எங்க?"

"கிணத்தடியில."

சொன்ன பிறகுதான் எனக்கே விளங்கியது. அவள் அழத் தொடங்கினாள். வாசலில் ஒரு கதிரை கேட்டு வாங்கி, முழங்காலை நீட்டி இருக்கச் சொல்லிவிட்டு, பொல்லை எடுத்து வரக் கிணற்றடிக்கு நடந்து போனேன்.