கோலமாவில் இரண்டு பாதங்கள்

குத்தின் பலம் கையில் இல்லை என்பதை எனக்கு முதலில் தெரிவித்தது என் மூக்குதான். ஆவடியில் நாங்கள் குடியிருந்த தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸின் மனமகிழ் மன்றத்தில், பலகை அடித்த மேடையில், பட்டாபிராம் பக்கத்திலிருந்து வந்த ஒருவனோடு எனக்குப் பயிற்சி ஆட்டம். அவன் கை முருங்கைக்காய் மாதிரி இருந்தது. என்னுடையது தினமும் தண்டால் எடுத்து உரம் ஏற்றிய கை. மணி அடித்ததும் அவன் வலது கையை நீட்டினான். அடுத்து நான் பார்த்தது கூரையில் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியை. மூக்கில் பஞ்சை அடைத்துக்கொண்டு மேடையோரம் உட்கார்ந்திருந்தபோது வலியைவிட ஒரு கேள்விதான் என்னைக் குடைந்தது. இத்தனை ஒல்லிக் கைக்கு அத்தனை கனம் எங்கிருந்து வந்தது?

எண்பதுகள் முடியப்போகும் காலம் அது. ராணுவ வண்டிகளுக்குப் பாகங்கள் செய்யும் தொழிற்சாலையில் அப்பா ஃபிட்டர். திருநெல்வேலியிலிருந்து வேலைக்கு வந்து, குவார்ட்டர்ஸில் குடியேறி, என்னையும் என் தங்கையையும் அங்கேயே வளர்த்தவர். அடுத்த வருடம் அவருக்கு ஓய்வு. ஓய்வு வந்தால் வீட்டைக் காலி செய்ய வேண்டும். எங்களில் யாராவது அதே தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டால் வீடு அந்தப் பிள்ளையின் பெயருக்கு மாறும், எல்லோரும் அங்கேயே இருக்கலாம். என் படிப்புக்கு அந்த கேட்டைத் திறக்கும் சாமர்த்தியம் இல்லை. மிச்சம் இருந்தது விளையாட்டு ஒதுக்கீடு ஒன்றுதான். மழைக்காலம் முடிந்ததும் அதற்குத் தேர்வு வைக்கப் போகிறார்கள் என்று பேச்சு அடிபட்டது. குத்துச்சண்டைக்கு என் எடையில் ஒரே ஓர் இடம். அந்த முருங்கைக்காய்க்காரனும் அதே எடை.

அவன் ஆடும்போதெல்லாம் போய் உட்கார்ந்து பார்க்க ஆரம்பித்தேன். எனக்குச் சின்ன வயதிலிருந்தே அப்படி ஒரு குணம். ஒரு விஷயம் பிடிபடவில்லை என்றால் சோறு இறங்காது. கையைப் பார்த்தேன், தோளைப் பார்த்தேன், ஒன்றும் பிடிபடவில்லை. ஒருநாள் கூட்டம் அதிகமாகி நான் தூணுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டேன். மேடை தெரியவில்லை, சத்தம் மட்டும்தான் கேட்டது. அப்போதுதான் கவனித்தேன். அவன் குத்து எதிராளியின் மேல் விழுவதற்கு ஒரு கணம் முன்னால் மேடைப் பலகை ‘டப்’ என்றது. எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அடி கீழேயிருந்து கிளம்புகிறது, கை அதைக் கொண்டுபோய்ச் சேர்க்கிற தபால்காரன்தான்.

ஆக, கால். சரி, காலை எப்படி வளர்ப்பது? பஸ்கி எடுப்பது எல்லோருக்கும் தெரியும். அதில் தொடை பருத்ததே தவிரப் பலகை ‘டப்’ என்று சொல்லவில்லை. அந்தச் சமயத்தில்தான் பருத்திப்பட்டு ஏரிக்கரையில் எருமைகளைப் பார்த்தேன். முழங்கால் ஆழச் சேற்றிலிருந்து அவை அலட்டிக்கொள்ளாமல் ஏறி வந்தன. அந்தத் தொடைகளைப் பார்த்ததும் எனக்கு ஞானோதயம் ஆகிவிட்டது. சேற்றில் நடந்துதானே இந்தத் தொடை? அப்படியானால் நானும் சேற்றில் ஓடுவேன்.

கோடையில் ஏரி வற்றி, தண்ணீர் விளிம்பைச் சுற்றி நல்ல களிமண் சேறு கிடந்தது. விடிந்ததும் அதில் இறங்கி ஓடினேன். ஓடினேன் என்று சொல்வது மரியாதைக்கு. ஒரு காலைப் பிடுங்கி எடுப்பதற்குள் மறுகால் புதைந்துவிடும். எருமைகள் என்னைப் பார்த்து ஒதுங்கிப் போயின. வீட்டு வாசலில் சேற்றுத் தடம் பார்த்து அம்மா தினமும் அர்ச்சனை செய்தாள். கோடை முழுக்க விடாமல் செய்தேன். என் தொடை உண்மையிலேயே உரலாகிவிட்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை.

மன்றத்தில் எனக்குப் பயிற்சித் துணையாக இருந்தவன் மண்ணூர்பேட்டையில் லேத் பட்டறையில் வேலை பார்த்த நண்பன். கோடை கழிந்து அவனோடு முதல் ஆட்டம் ஆடினேன். நான் விட்ட ஒரு குத்துகூட அவன் மேல் படவில்லை. கடைசியில் அவனே கையுறையைக் கழற்றிவிட்டுச் சிரித்தான்.

“மச்சான், இன்னா ஆச்சு உனுக்கு? நீ அடிக்கிறதுக்கு முன்னாடி காலத் தூக்குறடா. ரயிலுக்குக் கைகாட்டி எறங்குறா மாதிரி கீது. நான் பாத்துகினு, டீ குட்ச்சுட்டு வந்துகூட நவுரலாம்.”

சேறு எனக்குப் பலத்தைக் கொடுத்தது. கூடவே ஒவ்வொரு அடிக்கும் முன்னால் காலைப் பிடுங்கி எடுக்கவும் கற்றுக்கொடுத்திருந்தது. எருமை சேற்றைக் கடக்கும், ஆனால் எருமை துள்ளி நான் பார்த்ததே இல்லை. இது ஏன் கோடை தொடங்குவதற்கு முன்னால் எனக்குத் தோன்றவில்லை என்று என்மேலேயே கடுப்பாக வந்தது. மழைக்காலம் வேறு நெருங்கிக்கொண்டிருந்தது. அப்பா சாப்பிடும்போது ‘ஊர்ல மச்சு வீட்ட ஒழுக்கடைச்சுச் சரி பண்ணணும்’ என்று எங்கோ பார்த்துச் சொல்ல ஆரம்பித்திருந்தார்.

அதன்பிறகு மனிதர்களின் முகத்தை விட்டுவிட்டுக் காலையே பார்த்துக்கொண்டு திரிந்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஓடுகிற பஸ்ஸில் தொற்றுகிறவர்களைப் பார்த்தேன். முழங்காலை மடக்கித் தம் கட்டுகிறவன் பஸ்ஸை விட்டுவிடுகிறான். லேசாக ஒரு தட்டுத் தட்டி எழும்புகிறவன் படியில் நிற்கிறான். என்னவோ புரிகிற மாதிரி இருந்தது, முழுக்கப் புரியவில்லை.

ஒரு சாயங்காலம் கரண்ட் போய்க் குவார்ட்டர்ஸே தெருவுக்கு வந்திருந்தது. என் தங்கை பக்கத்து வீட்டுச் சின்னப் பிள்ளைகளோடு பாண்டி ஆடிக்கொண்டிருந்தாள். பிளஸ் டூ முடித்துவிட்டு டைப்ரைட்டிங் வகுப்புக்குப் போய்க்கொண்டிருந்தாள் அவள். இந்த வயதில் பாண்டி என்ன வேண்டிக்கிடக்கிறது என்று அம்மா திட்டாத நாளில்லை. அவள் ஒற்றைக்காலில் கட்டம் கட்டமாகத் தாவியபோது எனக்கு அந்தச் சத்தம் கேட்டது. டப், டப், டப். மேடைப் பலகையில் கேட்ட அதே சத்தம். நான் அப்படியே தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தை மண்ணில் வைத்து, அவள் பாதத்தையே பார்த்தேன்.

அம்மா வாசலுக்கு வந்தாள். “ஏலே, வயசுக்கு வந்த பிள்ள குதிச்சுக்கிட்டுத் திரியுதா, நீ அதப் படுத்துக்கிட்டுப் பாக்கியோ? உனக்குக் கிறுக்கு பிடிச்சிருக்கா?”

பிடித்துத்தான் இருந்தது. மறுநாள் அம்மா மார்க்கெட்டுக்குப் போன நேரத்தில் கோலமாவு டப்பாவை எடுத்து முற்றத்துச் சிமெண்ட் தரையில் மெல்லிசாகத் தூவினேன். தங்கையை ஒற்றைக்காலில் தாவச் சொன்னேன். பக்கத்திலேயே நானும் தாவினேன். பிறகு இருவரும் உட்கார்ந்து பார்த்தோம். என் பாதம் குதிகால் முதல் விரல் வரை முழுசாகப் பதிந்திருந்தது. அவளுடையதில் முன்பாதமும் ஐந்து விரலும் மட்டும், அதுவும் பூனை நடந்தது போல.

“நீ தரைக்கு வந்து உக்காந்துக்குற அண்ணே,” என்றாள். “நான் உக்கார மாட்டேன். தொட்ட உடனே போய்க்கினே இருப்பேன்.”

“எப்படி?”

“எப்படின்னா இன்னா சொல்றது? தரைய தொடுறதுக்கு முன்னாடியே காலு ரெடியா கீது.”

அதுதான் விஷயம். நான் தரையில் இறங்கி, மடங்கி, அதன்பிறகு யோசித்து எழும்பினேன். அவள் கால் இறங்கும்போதே விறைப்பாக இருந்தது, தரை அவளைத் திருப்பி அனுப்பியது. அம்மா வந்து மாவு வீணானதைப் பார்த்துப் போட்ட சத்தத்தில் பக்கத்து வரிசைக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். எங்களுக்கு அது உறைக்கவே இல்லை.

மைதானத்துக்குப் போய் நின்ற இடத்திலிருந்து தாண்டிப் பார்த்தோம். அவள் என்னைவிட ஒரு முழம் அதிகம் தாண்டினாள், பாவாடையை இழுத்துச் செருகிக்கொண்டு. எனக்கு ஒரு பக்கம் சுருக்கென்றது. இன்னொரு பக்கம், பொய் சொல்லக் கூடாது, ஆச்சரியத்தில் வாயைப் பிளந்துகொண்டு நின்றேன். இந்தக் காலுக்காகத்தான் நான் கோடை முழுக்க எருமைகளின் பின்னால் அலைந்தேன். அது எங்கள் வீட்டிலேயே, டைப்ரைட்டிங் வகுப்புக்கு நடந்து போய் வந்துகொண்டிருந்திருக்கிறது.

அதிலிருந்து தினமும் காலையில் இருவரும் ஏரி மதகுக்குப் போனோம். மதகின் தாழ்ந்த சுவரிலிருந்து குதிக்க வேண்டும், தரை பட்டதும் தாமதிக்காமல் மேலே எழும்ப வேண்டும். இவ்வளவுதான் பயிற்சி. நான் ஆம்பிளைத்தனமாக மூச்சு வாங்கும் வரை குதிக்கத்தான் பார்த்தேன். தங்கை விடவில்லை. அவள் எனக்கு முதுகைக் காட்டிச் சுவரில் உட்கார்ந்துகொண்டு காதால் மட்டும் கேட்பாள். ‘டப்’ என்று கேட்கும் வரை சும்மா இருப்பாள். களைத்துப்போய் என் கால் ‘தொம்’ என்று விழுந்ததும், “சத்தம் மாறிடுச்சு, போதும்” என்பாள். அப்புறம் கெஞ்சினாலும் நடக்காது. பிறகு அவள் குதிப்பாள், நான் முதுகைக் காட்டி உட்காருவேன். அவள் சத்தம் மாறுவதற்குள் எனக்கு உட்கார்ந்த இடம் மரத்துவிடும்.

மழை ஓய்ந்த சமயம் மண்ணூர்பேட்டை நண்பன் ஒருநாள் மேடையில் என் குத்து வாங்கிப் பின்னால் சாய்ந்து கயிற்றைப் பிடித்துக்கொண்டான். “நைனா, இன்னாடா இது, சொல்லாம கொள்ளாம வருது!” என்றான். அன்று வீடு வரை சைக்கிளில் பாடிக்கொண்டே வந்தேன்.

தேர்வுக்கான அறிவிப்பை ஃபாக்டரி கேட் பலகையில் ஒட்டினார்கள். குத்துச்சண்டை என்ற வரியைப் படித்துவிட்டு வீட்டுக்கு ஓடிவந்தேன். தங்கை போய்ப் பலகை முழுவதையும் படித்துவிட்டு வந்தாள். அன்று ராத்திரிச் சாப்பாட்டின்போது, தட்டிலிருந்து தலையை நிமிர்த்தாமல், “லாங் ஜம்ப்ல பொண்ணுங்களுக்கும் ஒரு எடம் கீதுப்பா. நான் போறேன்” என்றாள்.

அம்மா கரண்டியைக் கீழே வைத்தாள். “நாளைக்கு மாப்பிள்ள வீட்டுக்காரங்க, பிள்ள என்ன செய்யுதுன்னு கேட்டா, குதிக்குதுன்னா சொல்லச் சொல்லுத?”

அப்பா செம்பை எடுத்துத் தண்ணீர் குடித்தார். பிறகு, “மொதல்ல அவன் ஆடி முடிக்கட்டும்” என்றார். அவருக்கு நம்பிக்கை என்மேல்தான். அது எனக்குப் பெருமையாகவும் கழுத்தில் கல் கட்டின மாதிரியும் இருந்தது.

என் ஆட்டத்தில் எதிரே அந்த முருங்கைக்காய்க்காரன்தான் வந்தான். முதல் சுற்று அவனுடையது. இரண்டாவது சுற்றில் அவன் இடது பக்கம் நகர்ந்தபோது எனக்கு யோசனை எதுவும் இல்லை. பின்னங்கால் தரையைத் தட்டியது. பலகை ‘டப்’ என்றது. குதிகாலிலிருந்து இடுப்பு வழியாக என்னவோ ஓடி வந்து கை நுனியில் இறங்கியது. அவன் உட்கார்ந்த நிலையில் என்னை அண்ணாந்து பார்த்தான். நடுவர் எண்ண ஆரம்பித்தார். என் வாழ்க்கையில் அப்படி ஒரு சந்தோஷத்தை அதற்குமுன் நான் அனுபவித்ததில்லை.

ஆனால் அவன் எழுந்துவிட்டான். அனுபவஸ்தன். மீதி நேரமெல்லாம் என் பக்கமே வராமல், எட்டத்திலிருந்து தொட்டுத் தொட்டுப் புள்ளிகளைச் சேர்த்துக்கொண்டு போய்விட்டான். நடுவர் அவன் கையைத் தூக்கினார். இறங்கும்போது அவன் என் தோளைப் பிடித்து நிறுத்தினான்.

“அண்ணாத்தே, அந்த ஒரு அடி எங்கேர்ந்து வந்துச்சி?”

நான் அவனைப் பார்த்து மாதக்கணக்கில் கேட்டுக்கொண்டிருந்த கேள்வி. “எங்க ஊட்லருந்து” என்றேன். அவனுக்குப் புரிந்திருக்காது. சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போய், வண்டிகளுக்கு நடுவில் உட்கார்ந்து அழுதேன். வீடு போயிற்று என்றுதான் அழுதேன். அப்பா வந்து பக்கத்தில் நின்றார். தலையைத் தொடவும் இல்லை, திட்டவும் இல்லை. “அவளுக்கு என்னைக்குலே?” என்று மட்டும் கேட்டார்.

அந்த வாரக் கடைசியில் அப்பா லீவு போட்டுவிட்டு அவளைத் தன் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார். மற்றப் பெண்கள் பள்ளிக்கூடங்களுக்காக ஓடிப் பழகியவர்கள், கால்சட்டையும் ஸ்பைக்ஸ் ஷூவும் போட்டிருந்தார்கள். இவள் என் பழைய கால்சட்டையில், வெறுங்காலோடு நின்றாள். எனக்குப் பார்க்கத் தைரியம் வரவில்லை. மணல்குழிக்கு முதுகைக் காட்டி நின்றுகொண்டேன், மதகில் உட்காருவது போல. ஓடி வரும் காலடி கேட்டது. குழிக்கு முன்னால் பதித்திருந்த பலகை ‘டப்’ என்றது. அவ்வளவு சுத்தமான சத்தம். அவள் மணலில் விழுவதற்கு முன்பே, எங்களுக்கு வீடு இருக்கிறது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. அப்பாவுக்கு அந்தச் சத்தம் தெரியாது. டேப்பைப் பிடித்தவர் அளவைச் சொல்லி முடிக்கும் வரை அவர் துண்டை வாயில் கடித்துக்கொண்டு நின்றிருந்தார்.

தங்கைக்கு வேலை உத்தரவு வந்த அன்று அம்மா அக்கம்பக்கத்துக்கெல்லாம் சர்க்கரை கொடுத்துவிட்டு வந்தாள். யார் கேட்டாலும், “பிள்ள தாண்டிட்டுல்லா!” என்றாள். நான் பின்வாசல் படியில் உட்கார்ந்திருந்தேன். தங்கை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

“அண்ணே, உனுக்குக் கஷ்டமா கீதா?”

“ஆமா,” என்றேன். அவளிடம் பொய் சொல்லி என்ன ஆகப்போகிறது?

அவளும் தலையை ஆட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் இருவரும் முற்றத்துச் சிமெண்ட் தரையையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு எழுந்து பாவாடையைத் தட்டிவிட்டுக்கொண்டு சொன்னாள்:

“காலையில மதகுக்கு வந்துடு. உன் எடது காலு இன்னும் தொம்முன்னுதான் கேக்குது.”