வதனா கட்டிய இணையக் கடை மூடப்படவில்லை

செய்தி வந்தபோது நான் மருதனார்மடம் சந்தையில் முருங்கைக்காய்க்கு விலை பேசிக்கொண்டிருந்தேன். தொலைபேசியில் வதனாவின் தமையன் சிவா அண்ணை. தங்கைக்குக் கடுமை என்று கேள்விப்பட்டு ரொறன்ரோவிலிருந்து வந்து ஆசுபத்திரியில் அவளோடேயே நின்றவர். "சுபா, வதனா எங்களை விட்டிட்டுப் போட்டாள்" என்றார். "ஆர் சொன்னது?" என்று கேட்டேன். என்ன விசர்க் கேள்வி, பாருங்கள். புற்றுநோய் அவளை எங்கே கொண்டுபோகிறது என்று எனக்குத் தெரியாதா? ஆனாலும் அந்த நேரம் எனக்கு வந்தது அழுகை அல்ல, கோபம். யாரைப் பிடித்து ஏசுவது என்று தெரியாத கோபம். முருங்கைக்காய்க்காரி என் முகத்தைப் பார்த்துவிட்டு, கேட்காமலே விலையைக் குறைத்தாள்.

அன்றைய பெட்டிகளை எங்கள் வான் வண்டியில் ஏற்றி அனுப்பிவிட்டுத்தான் செத்தவீட்டுக்குப் போனேன். சிலர் அதைக் குறையாகக் கதைத்தார்கள். கதைக்கட்டும். வதனா எழும்பி வந்திருந்தால், "ஓடர் போகாமல் இஞ்சை என்னடி செய்யிறாய்?" என்று என்னைத்தான் கலைத்திருப்பாள்.

அவளை அறிந்த உங்களுக்கு எங்கள் கடையையும் தெரியும். தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகள் இங்கே தனித்திருக்கும் தாய் தகப்பனுக்கு மரக்கறி, மீன், மருந்து, பிறந்தநாள் கேக் என்று எங்கள் இணையத்தளத்தில் வாங்குவார்கள். நாங்கள் வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுப்போம். பொருள் வாங்குவதும் அனுப்புவதும் என் பாடு. தளத்தைக் கட்டியதும் இத்தனை காலம் விழாமல் பிடித்திருந்ததும் அவள்.

சாம்பல் ஆறுவதற்குள் கதை தொடங்கிவிட்டது. "இனி உந்த வெப்சைட்டை ஆர் பாக்கிறது? கொழும்புக் கொம்பனியள் பெரிய பெரிய அப் வைச்சிருக்கினம். அதுக்குள்ளை குடுத்துவிடுங்கோ" என்றார் சிவா அண்ணை. தளத்தின் இணையப் பெயர் அவர் பேரில்தான் பதிவாகி இருந்தது. ரொறன்ரோவிலிருந்து காசு கட்டி வருடாவருடம் புதுப்பிப்பவர் அவர். அவர் விட்டால் கடை போய்விடும். எனக்கோ தளம் கட்டத் தெரியாது. முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிக்குள் ஒரு முடிவு சொல் என்றார். அந்த முடிவைச் சொல்லத்தான் அவள் கட்டிய தளத்திலேயே போடும் இந்த நினைவு மலரில் எழுதுகிறேன். ஆனால் அதற்கு முதல் அவளைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கடை தொடங்கிய புதிதில் வதனாவும் எல்லோரையும்போல் ஆயத்தமாக விற்கும் வெளிநாட்டுத் தள வடிவம் ஒன்றைத்தான் எடுத்துப் போட்டாள். அது வீட்டு இலக்கம் கேட்டது, வீதியின் பெயர் கேட்டது, தபால் குறியீடு கேட்டது. எது விடுபட்டாலும் சிவப்பு எழுத்தில் ஏசியது. நோர்வேயில் இருந்த ஒருவர் அச்சுவேலியில் இருக்கும் தாய்க்குக் கேக் அனுப்பப் பார்த்து, ஏலாமல், தொலைபேசி எடுத்துக் கத்தினார். "எங்கடை வீட்டுக்கு இலக்கம் இல்லையப்பா! எங்கடை அம்மாவை எல்லாருக்கும் தெரியும்!" வதனா தொலைபேசியை வைத்துவிட்டு, அந்தக் கட்டங்கள் எல்லாவற்றையும் அழித்துவிட்டு ஒரேயொரு பெரிய பெட்டியை வைத்தாள். அதன்மேல், "வீட்டுக்கு எப்பிடிப் போறது எண்டு சொல்லுங்கோ" என்று எழுதினாள்.

ஆட்கள் அந்தப் பெட்டிக்குள் எழுதியதைப் பார்த்தால் சிரிப்பும் வரும், கவலையும் வரும். "சங்கக்கடைக்கு எதிர் ஒழுங்கை, பெரிய புளியமரத்தடியிலை திரும்பினால் நீலக் கேற்." அந்தக் கூட்டுறவுச் சங்கக்கடை சண்டையில் போய்விட்டது. புளியமரத்தை யாரோ தறித்துவிட்டார்கள். நீலக் கேற் இப்போது பச்சை. எழுதியவர் ஊரை விட்டுப்போன அன்றைக்கு இருந்த ஊரை எழுதியிருக்கிறார். எங்கள் வான் ஓட்டும் அன்ரன் குருநகர்ப் பிள்ளை, வலிகாமத்து ஒழுங்கைகள் அவனுக்குப் புதிது. ஆனாலும் சந்தியில் நிற்கும் யாரிடமாவது, "முந்திச் சங்கக்கடை இருந்த இடம் எது?" என்று கேட்டால் போதும், கூட்டிக்கொண்டே போய் விட்டுவிடுவார்கள். ஒரு கேக்கும் வழிதவறவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஒரு விடுதி மண்டபத்தில் இணைய வணிகம் பற்றிக் கூட்டம் வைத்தார்கள். கொழும்பிலிருந்து வந்த பொடியன் புதுப்பாணித் தளமொன்றைத் திரையில் காட்டினான். படங்கள் ஓடின, எழுத்துகள் பறந்தன, ஒரு பொம்மை எழும்பி வணக்கம் சொன்னது. வதனா எழும்பினாள். "தம்பி, உதைக் காங்கேசன்துறையிலை மழை பெய்யேக்கை ஒரு பழைய ஃபோனிலை திறந்து பாத்தனீரோ?" மண்டபம் சிரித்தது, ஆனால் அவளைப் பார்த்துத்தான். அவனும் லேசுப்பட்டவன் இல்லை. "அக்கா, ஆட்கள் வடிவைப் பார்த்துத்தான் வாங்குவினம். உங்கட தளம் பத்து வருசம் பழசு மாதிரி இருக்கு" என்றான். உண்மைதான். அந்த வருடம் எங்கள் வாடிக்கையாளர் சிலர் வடிவான தளங்களுக்குப் போனார்கள். சிலர் திரும்பி வந்தார்கள், சிலர் வரவேயில்லை.

வரும் வழியில் நான் முகத்தை நீட்டிக்கொண்டு இருந்தேன். அவள் சொன்னாள்: "வெப்சைட் செத்துப்போச்சு எண்டு ஒவ்வொரு வருசமும் ஒவ்வொருத்தன் செத்தவீடு சொல்லுறான். முதல் முகநூல் வந்து கொன்றதாம், பிறகு அப் கொன்றதாம், இப்ப கதைக்கிற மெசின் கொல்லுதாம். பிரேதத்தைத்தான் இன்னும் ஒருத்தரும் காட்டேல்லை."

அவள் எப்போதும் சரியாக இருந்தாள் என்று நான் சொல்ல வரவில்லை. செத்தவர்களைச் சாமியாக்குவது எனக்குப் பிடிக்காது, அவளுக்கும் பிடிக்காது. வாட்ஸ்அப்பில் ஓடர் எடுப்போம் என்று நான் எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன்! "கண்டறியாத மோஸ்தர்" என்று தட்டிவிட்டாள். ஏலாதென்றால் ஏலாதுதான், அவள் விளக்கம் சொல்ல மாட்டாள். கதைக்காமல் இருந்தோம், கன நாளாய். பிறகு ஒரு காலை பார்த்தால் தளத்தில் பச்சைப் பட்டன். "நீ சொன்னதுதான் சரி. ஆனால் உன்ரை மூஞ்சையைப் பாக்கச் சகிக்கேல்லை, அதுக்காண்டித்தான் போட்டனான்" என்றாள். மன்னிப்பாம் அது.

இனி, அவள் ஏன் இந்தத் தளத்தைக் கட்டிப்பிடித்துக்கொண்டு இருந்தாள் என்பதைச் சொல்கிறேன். ஒரு காலத்தில் எங்கள் ஓடர்களில் பெரும்பகுதி சமூக வலைத்தளம் ஒன்றில் இருந்த எங்கள் பக்கத்தால்தான் வந்தது. தீபாவளிக்கு முதல் நாள் அந்தப் பக்கம் இல்லை. பூட்டிவிட்டார்கள். காரணம் சொல்லவில்லை, கேட்பதற்கு மனிதரும் இல்லை. எழுதினால் இயந்திரம் நன்றி சொல்லிற்று. நான் தலையில் கைவைத்து அழுதேன். வதனா அழவில்லை. தன் தளத்தைத் திறந்து முகப்பில், "நாங்கள் இஞ்சைதான் நிக்கிறம்" என்று பெரிதாக எழுதினாள். ஆட்கள் தேடிக்கொண்டு வந்தார்கள்.

அன்றைக்குத்தான் அவள் சொன்னாள். "அது வாடகை வீடடி. எழும்பெண்டால் எழும்போணும். காணி உறுதி எங்கடை பேரிலை இருந்தால்தான் எங்கடை வளவு." அவள் குடும்பம் சண்டைக்குள் காங்கேசன்துறையிலிருந்து எழும்பி, வாடகை வீடு வாடகை வீடாக அலைந்தது. அவளுடைய தகப்பன் சொந்த வளவைத் திரும்பக் காணாமலே கண்ணை மூடினார். இராணுவம் காணியை விட்ட பிறகு தாயும் அவளும் போய்ப் பற்றையை வெட்டிப் புதிதாக வீடு கட்டினார்கள். அப்படிப்பட்டவளிடம் போய், உன் கடையை இன்னொருவன் வளவுக்குள் வை என்றால் அவள் வைப்பாளா?

எட்டாம் நாள் சடங்கான எட்டுச் செலவு அன்று கொழும்புக் கொம்பனியின் ஆள் வந்தான். மரியாதையான பொடியன், குறை சொல்ல ஏலாது. அனுதாபம் சொல்லிச் சாப்பிட்டும் போனான். எங்கள் கடை அவர்களுடைய செயலிக்குள் போகும், பெயர் அவர்களுடையது, எங்கள் வாடிக்கையாளரின் விபரம் எல்லாம் அவர்களுக்கு. நான் மாதச் சம்பளத்துக்கு நிற்கலாமாம். சிவா அண்ணை, "நல்ல கதைதானே, பிள்ளை" என்றார். எனக்குக் கோபம் ஏறிவிட்டது. "அண்ணை, உங்கடை ஃபோனிலை அவையின்ரை அப்பைத் திறவுங்கோ. உங்கடை அம்மாவுக்கு ஒரு சோடா ஓடர் பண்ணுங்கோ" என்றேன்.

அவர் திறந்தார். வரைபடம் வந்தது. காங்கேசன்துறை வீட்டு முற்றத்தில் நின்றுகொண்டே அவரால் அந்த வீட்டைக் காட்ட முடியவில்லை. அவர்களுடைய ஒழுங்கை அதில் இல்லை. குறியைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார், அது தண்டவாளத்துக்குப் போனது, பிறகு கடலுக்குள் போனது. "எங்கடை ஒழுங்கையே இல்லை" என்றார், சின்னப் பிள்ளையின் குரலில். தாய் அடுப்படியிலிருந்து, "என்ன மேனை தேடுறாய்?" என்று கேட்டார். அவர் விக்கி விக்கி அழத் தொடங்கினார். தங்கை செத்த அன்றுகூட அவர் அப்படி அழவில்லை.

ரொறன்ரோவுக்குப் போக முதல், தளத்தின் பெயரை என் பெயருக்கு மாற்றித் தந்துவிட்டுப் போனார். நான் அதன்பின் கத்தரிக்காய் விலையை மாற்றப் போய், தளத்தையே விழுத்திவிட்டேன். ஒரு காலை முழுக்கக் கடை இல்லை. நான் அவளைப் பெயர் சொல்லித் திட்டினேன், வாய் நோகத் திட்டினேன். பிறகு ஒவ்வொரு வரியாகப் பார்த்துப் பிழையைப் பிடித்தேன். ஓடிவிளையாடும் சாமான் ஒன்றும் இல்லாமல் அவள் நேராகக் கட்டியிருந்ததால்தான் என்னைப் போன்றவளாலும் பிடிக்க முடிந்தது. மத்தியானம் கடை எழும்பிவிட்டது.

நேற்று அந்தக் கொம்பனிப் பொடியன் மறுபடி தொலைபேசி எடுத்தான். "மிஸ், முடிவா என்ன சொல்றீங்க?" "ஏலாது தம்பி" என்றேன். அவன் காரணத்துக்காகக் காத்திருந்தான். நான் சொல்லவில்லை. கடைசியில் அவன்தான் வைத்தான். வைத்த பிறகு, வானுக்குப் பின்னால் போய் நின்று அழுதேன். அவள் செத்த பிறகு நேற்றுத்தான் முதன்முதலாக அழுதேன்.

அவளிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது அதுதான்: ஏலாது என்று சொல்லிவிட்டு, அதற்கு விளக்கம் சொல்லாமல் நிற்பது. இன்று அவளுக்கு அந்தியேட்டி. காலையில் கீரிமலையில் அஸ்தியைக் கரைத்துவிட்டு வந்தோம். கடை திறந்துதான் இருக்கிறது. உங்கள் அம்மாவுக்கு என்ன வேண்டும், சொல்லுங்கள்.